இல்லாத ஃபங்ஷனை அழைத்தால் என்ன ஆகும்? சிஸ்டம்ஸ் நேர்காணலுக்கு நான் படித்த வழி

சிஸ்டம்ஸ் புரோகிராமிங் வேலைக்கான நேர்காணல்களில் உடுப்பு மாற்றி மாற்றி வரும் கேள்வி ஒன்று உண்டு. "விண்டோஸ் 10-இல் புதிதாக வந்த ஒரு ஃபங்ஷனை உங்கள் நிரல் அழைக்கிறது. அதே எக்ஸி ஃபைலை விண்டோஸ் 7 கணினியில் ஓட்டினால் என்ன ஆகும்?" பெரும்பாலானோர் சட்டென்று சொல்லும் பதில்: "இஃப் போட்டு விண்டோஸ் பதிப்பைப் பார்ப்பேன், பழையது என்றால் அழைக்க மாட்டேன்." கேட்பவர் அடுத்துக் கேட்பார்: "சரி, அந்த இஃப் ஓடுமா?"

ஓடாது. ஃபங்ஷன் பெயரை நேரடியாக எழுதி லிங்க் செய்த உடனேயே அது எக்ஸி ஃபைலின் இம்போர்ட் டேபிளில், அதாவது வெளியிலிருந்து வேண்டிய ஃபங்ஷன்களின் பட்டியலில், ஏறிவிடுகிறது. மெயின் தொடங்குவதற்கு முன்பே லோடர் (நிரலை நினைவகத்தில் ஏற்றும் சிஸ்டம் பகுதி) அந்த டேபிளில் உள்ள ஒவ்வொரு பெயரையும் அந்தந்த டிஎல்எல்லில் (ஃபங்ஷன்களைத் தரும் விண்டோஸ் லைப்ரரி ஃபைல்) தேடி முகவரியை நிரப்புகிறது. ஒரே ஒரு பெயர் கிடைக்காவிட்டாலும் "ப்ரொசீஜர் என்ட்ரி பாயின்ட்" இல்லை என்ற அந்தப் பழைய பெட்டியைக் காட்டிவிட்டு நிரலை முடித்துவிடும். நீங்கள் எழுதிய இஃப் வரை யாரும் வரப்போவதில்லை.

இந்தத் தலைப்பைப் படிப்பவர்கள் முதலில் பிடிக்க வேண்டியது இதைத்தான்: ஃபங்ஷன் "இல்லை" என்பது எந்த நேரத்தில் தெரியவருகிறது? கம்பைல் செய்யும்போதா, லோட் ஆகும்போதா, அழைத்த பிறகா? நேரம் தெரிந்துவிட்டால் என்ன கருவி என்பது தானாக வரும். கருவிகளின் பெயர்களை மட்டும் மனப்பாடம் செய்துகொண்டு போனால் இரண்டாவது குறுக்குக் கேள்வியிலேயே மாட்டிக்கொள்வோம். கல்லூரியில் ஆபரேட்டிங் சிஸ்டம் தாளில் பேஜிங்கும் டெட்லாக்கும் இடத்தை எடுத்துக்கொள்கின்றன. லிங்கர், லோடர் எல்லாம் வேறு தாளில், பெரும்பாலும் கடைசி யூனிட்டில். இரண்டும் சந்திக்கும் இடத்தை யாரும் நடத்துவதில்லை. நாமே படித்துக்கொள்ள வேண்டியதுதான்.

புத்தகம் தேடி அலைய வேண்டாம். மைக்ரோசாஃப்ட் ஆவணங்களில் ஒவ்வொரு ஃபங்ஷன் பக்கத்தின் அடியிலும் ஒரு அட்டவணை இருக்கும்: குறைந்தபட்சம் எந்த விண்டோஸ், எந்த டிஎல்எல். லினக்ஸ் மேன் பேஜில் பிழைகள் பகுதியும் வரலாற்றுப் பகுதியும் இருக்கும். நான் இந்த அடிப்பகுதியை முதலில் படித்துவிட்டுத்தான் மேலே போவேன். செட்த்ரெட்டிஸ்கிரிப்ஷன் பக்கம் நல்ல உதாரணம். த்ரெட்டுக்கு (நிரலுக்குள் தனியாக ஓடும் ஒரு வேலைத் தொடர்) பெயர் வைக்கும் இந்த ஃபங்ஷன் விண்டோஸ் 10-இன் 1607 பதிப்பில் வந்தது. ஆனால் அந்தப் பதிப்பில் அது கெர்னல்பேஸ் டிஎல்எல்லில் மட்டும்தான் உண்டு, அதையும் ஓடும்போது தேடித்தான் எடுக்க முடியும் என்று அதே பக்கம் சொல்கிறது. "பதிப்பைப் பார்த்தால் போதுமே" என்பவரிடம் இந்த ஒரு பக்கத்தைக் காட்டலாம். பதிப்பு சரியாக இருந்தும், வழக்கமாகத் தேடும் இடத்தில் ஃபங்ஷன் இல்லை.

பதிப்பு எண்ணைக் கேட்பதே நம்பகமான வழி இல்லை என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. விண்டோஸ் 8.1 முதல், எந்த விண்டோஸுக்கு ஏற்றது என்று மேனிஃபெஸ்டில் (நிரலோடு வரும் விவரக் குறிப்பு) அறிவிக்காத நிரலுக்கு கெட்வெர்ஷன்எக்ஸ் 6.2 என்றே, அதாவது விண்டோஸ் 8 என்றே பதில் சொல்லும். ஆகவே பதிப்பைக் கேட்காமல் ஃபங்ஷனையே கேட்பதுதான் முறை. கெட்மாட்யூல்ஹேண்டில் மூலம் டிஎல்எல்லின் ஹேண்டிலை எடுத்து, கெட்ப்ராக்அட்ரஸிடம் பெயரைக் கொடுத்தால் பாயின்டரோ (ஃபங்ஷனின் முகவரி), நல்லோ (வெற்று முகவரி) வரும். நல் என்றால் மாற்று வழி. பிழை எண்ணையும் பார்க்கப் பழகுங்கள்: 126 என்றால் டிஎல்எல்லே இல்லை, 127 என்றால் டிஎல்எல் இருக்கிறது, ஃபங்ஷன் இல்லை.

இங்கே நேர்காணலில் தோண்டுகிற சில இடங்கள் உண்டு. கெட்ப்ராக்அட்ரஸிடம் "மெசேஜ்பாக்ஸ்" என்று கொடுத்தால் நல்தான் வரும். அது ஹெடரில் உள்ள மேக்ரோ, டிஎல்எல்லில் இருப்பது கடைசியில் ஏ அல்லது டபிள்யூ ஒட்டிய பெயர்கள். அடுத்தது, பாயின்டரின் டைப்பை எழுதும்போது காலிங் கன்வென்ஷனை (அளவுருக்களை எப்படிக் கொடுப்பது, ஸ்டேக்கை யார் சுத்தம் செய்வது என்ற விதி) விட்டுவிட்டால் 64-பிட்டில் எல்லாம் ஓடும், 32-பிட்டில் ஸ்டேக் கெட்டுவிடும். 64-பிட் மடிக்கணினியில் மட்டும் சோதித்தவருக்கு இது கண்ணில் படாது. டிலே லோடு பற்றியும் கேட்பார்கள். லிங்கரிடம் ஒரு தெரிவு கொடுத்தால் போதும், டிஎல்எல் முதல் அழைப்பின்போதுதான் ஏறும். ஆனால் கெர்னல்32-ஐ அப்படித் தள்ளிப்போட முடியாது. புதிய ஃபங்ஷன்கள் பலவும் அங்கேதான் இருக்கின்றன என்பதால், இந்த ஒரு வரி தெரியாமல் டிலே லோடைப் பதிலாகச் சொன்னால் வம்பு.

பாயின்டர் கிடைத்துவிட்டது என்பதற்காக வேலை முடியவும் இல்லை. விண்டோஸ் 95 காலத்தில் டபிள்யூ என்று முடியும் பல ஃபங்ஷன்கள் பெயருக்கு மட்டும் இருந்தன. அழைத்தால் 120-ஆம் பிழை, அதாவது "எழுதப்படவில்லை", திரும்பி வரும். பெயர் இருப்பது வேறு, வேலை செய்வது வேறு. இதைப் புரிந்துகொண்டால் லினக்ஸ் பக்கம் போவது எளிது, ஏனென்றால் அங்கே இதுதான் அன்றாடம்.

போவதற்கு முன் மாற்று வழியைப் பற்றி. படிக்கிறவர்கள் அதிகம் கவனிக்காத இடம் இது, ஆனால் மதிப்பெண் இங்கேதான் என்பது என் கணிப்பு. கெட்டிக்கவுண்ட்64 விஸ்டாவில் வந்தது. எக்ஸ்பியில் பழைய கெட்டிக்கவுண்ட் மட்டும்தான், அது 32-பிட். மில்லிசெகண்டுகளை எண்ணிக்கொண்டே போய் 49.7 நாளில் மறுபடி பூஜ்யத்துக்கு வந்துவிடும். பழையதை அழைத்து, விடையை 64-பிட்டாக்கித் திருப்பித் தரும் ஒரு சின்ன ஃபங்ஷனை எழுதிவிட்டால் எல்லாம் பொருந்துவது போலத் தெரியும். உண்மையில் அது இருந்ததையும் கெடுக்கிறது. 32-பிட் அன்சைன்டாகவே (கழித்தல் குறி இல்லாத எண்ணாகவே) கழித்திருந்தால் பூஜ்யத்தைத் தாண்டினாலும் வித்தியாசம் சரியாக வந்திருக்கும். 64-பிட்டாக்கிய பிறகு கழித்தால் வானளாவிய ஓர் எண் வரும், எல்லா டைம்அவுட்டும் ஒரே நொடியில் தீர்ந்துபோகும், அதுவும் கணினியை 49 நாள் அணைக்காமல் வைத்திருக்கும் வாடிக்கையாளரிடம் மட்டும். மாற்று வழியின் கையொப்பம் (அளவுருக்களும் திரும்பும் வகையும்) பொருந்துகிறதா என்று பார்த்தால் போதாது, வாக்குறுதி பொருந்துகிறதா என்று பார்க்க வேண்டும்.

எல்லா ஃபங்ஷனுக்கும் ஒரே மாதிரி மாற்று தேவையில்லை என்பதையும் சொல்லத் தெரிய வேண்டும். த்ரெட் பெயர் வைக்க முடியவில்லையா, பேசாமல் விட்டுவிடலாம். டீபக் செய்பவரைத் தவிர யாருக்கும் நஷ்டமில்லை. விண்டோஸ் 8-இல் வந்த துல்லியமான நேர ஃபங்ஷன் இல்லையா, அதே அளவுருவை வாங்கும் பழையது இருக்கிறது, துல்லியம் மட்டும் குறையும். ஆனால் லினக்ஸில் ஊகிக்க முடியாத எண்களைத் தரும் கெட்ரேண்டம் இல்லையென்றால் நிதானம் வேண்டும். அந்த சிஸ்டம் கால் (நிரல் கெர்னலிடம் வைக்கும் கோரிக்கை) கெர்னல் 3.17-இல், 2014-இல் வந்தது. அது இல்லாத இடத்தில் யூரேண்டம் டிவைஸ் ஃபைலைத் திறந்து படிக்கலாம். சிரூட் சூழலில் (ஃபைல் அமைப்பின் ஒரு பகுதிக்குள் மட்டும் நிரலை அடைத்து வைப்பது) அந்த ஃபைலும் இல்லாமல் போகலாம். அப்போது சாதாரண ரேண்ட் ஃபங்ஷனுக்கு இறங்கிவிடக் கூடாது. பிழை சொல்லி நிறுத்துவதுதான் சரி, ஏனென்றால் சாவி உருவாக்கும் நிரலுக்கு ஊகிக்கக்கூடிய எண்ணைவிட ஓடாமல் நிற்பதே மேல்.

லினக்ஸில் "இல்லை" என்பது இரண்டு அடுக்கில் வரும். கெட்ரேண்டம் கெர்னலில் 2014-இல் வந்தாலும், லினக்ஸின் அடிப்படை சி லைப்ரரியான ஜிலிப்சியில் அதற்கான ஃபங்ஷன் 2017-இல் வந்த 2.25-இல்தான் சேர்ந்தது. ஆகவே கெர்னலில் இருந்து லைப்ரரியில் இல்லாமலும் போகலாம், லைப்ரரியில் இருந்து கெர்னலில் இல்லாமலும் போகலாம். லைப்ரரியில் இல்லையென்றால் லோடரிலேயே நிற்கும், அல்லது வீக் சிம்பலாக (இல்லாவிட்டாலும் பரவாயில்லை என்று குறித்த பெயராக) அறிவித்திருந்தால் முகவரி பூஜ்யமாக வரும், கெட்ப்ராக்அட்ரஸுக்கு இணையான டிஎல்சிம் மூலம் தேடினால் நல் வரும். கெர்னலில் இல்லையென்றால் அழைப்பு போய், ஈநோசிஸ் என்ற 38-ஆம் பிழையோடு திரும்பும்.

இதைப் படித்து மனதில் ஏற்றுவதைவிடக் கையால் செய்து பார்ப்பது மேல். பழைய கெர்னலைத் தேடி நிறுவ வேண்டியதில்லை. நிரலின் சிஸ்டம் கால்களைக் காட்டும் ஸ்ட்ரேஸ் கருவியில் இன்ஜெக்ட் என்றொரு வசதி இருக்கிறது, நாம் சொல்லும் சிஸ்டம் காலுக்கு நாம் சொல்லும் பிழையைத் திணிக்கும். உபுண்டு 24.04-இல் எல்எஸ் கட்டளையை நீளப் பட்டியல் தெரிவோடு ஓட்டி, ஃபைல் விவரம் கேட்கும் ஸ்டேட்எக்ஸ் காலுக்கு ஈநோசிஸ் திணித்துப் பாருங்கள். பட்டியல் எந்தக் குறையும் இல்லாமல் வரும். ஸ்ட்ரேஸ் வெளியீட்டில் ஸ்டேட்எக்ஸ் வரியின் கடைசியில் திணிக்கப்பட்டது என்ற குறிப்பு இருக்கும், அதற்கு அடுத்த வரியிலேயே பழைய ஸ்டேட் வகைக் கால் ஒன்று ஓடியிருக்கும். ஜிலிப்சி சத்தமில்லாமல் மாற்று வழிக்குப் போயிருக்கிறது. இப்போது ஈநோசிஸுக்குப் பதில் ஈபெர்ம், அதாவது "அனுமதி இல்லை", திணியுங்கள். மாற்று வழிக்குப் போகாது, ஒவ்வொரு ஃபைலுக்கும் அனுமதி இல்லை என்று எல்எஸ் புலம்பும்.

இந்த வித்தியாசம் உலகம் முழுவதும் பலரை அலையவிட்டது. ஜிலிப்சி 2.34 முதல் புதிய த்ரெட் உருவாக்க க்ளோன்3 என்ற சிஸ்டம் காலை முதலில் முயலும். ஈநோசிஸ் வந்தால் பழைய க்ளோனுக்குப் போகும். ஆனால் நிரல்களைக் கன்டெய்னர் என்ற தனிச் சூழலில் ஓட்டும் டாக்கரின் பழைய பதிப்புகளில் இருந்த செக்காம்ப் வடிகட்டி (எந்த சிஸ்டம் கால்களை அனுமதிப்பது என்று பார்ப்பது), தனக்குத் தெரியாத கால்களுக்கு ஈபெர்ம் சொல்லிக்கொண்டிருந்தது. அதனால் 20.10.10-க்கு முந்தைய டாக்கரில் உபுண்டு 22.04 கன்டெய்னரை ஓட்டினால் த்ரெட்டே உருவாகவில்லை. கெர்னல் பழையதாகக்கூட இருக்க வேண்டியதில்லை, நடுவில் நின்ற காவலாளி தப்பான பதிலைச் சொன்னதுதான் காரணம். நேர்காணலில் "ஈபெர்மையும் இல்லை என்றே எடுத்துக்கொள்ளலாமா?" என்று கேட்டால் இந்தக் கதையைச் சொல்லுங்கள், ஆனால் ஆமாம் என்று சொல்லிவிடாதீர்கள். ஃபைல் தொடர்பான கால்களில் ஈபெர்ம் உண்மையான பதிலாகவும் இருக்கலாம். ரஸ்ட் மொழியின் நிலையான லைப்ரரி ஸ்டேட்எக்ஸுக்கு இதைக் கையாளும் விதம் எனக்குப் பிடித்தது. சந்தேகம் வந்தால் வேண்டுமென்றே நல் பாயின்டர்களைக் கொடுத்து அழைத்துப் பார்க்கிறது. "முகவரி தவறு" என்ற பிழை வந்தால் கால் உண்மையிலேயே கெர்னல் வரை போயிருக்கிறது என்று பொருள், வேறு எது வந்தாலும் இல்லை என்று முடிவு கட்டுகிறது. விடையை ஒரு அட்டாமிக் மாறியில் (பல த்ரெட்கள் ஒரே நேரத்தில் தொட்டாலும் கெடாதது) வைத்துக்கொள்வதால் மறுபடி சோதிப்பதில்லை.

மேக் பற்றி அதிகம் கேட்பதில்லை, ஒரு சம்பவம் தெரிந்தால் போதும். நேரம் தரும் க்ளாக்கெட்டைம் ஃபங்ஷன் மேக்ஓஎஸ் 10.12-இல்தான் வந்தது. ஒரு நிரலைப் புதிய எஸ்டிகேயில் (ஆப்பிள் தரும் ஹெடர், லைப்ரரித் தொகுப்பு) பில்ட் செய்தபோது, என்னென்ன ஃபங்ஷன்கள் உள்ளன என்று பார்க்கும் கன்ஃபிகர் ஸ்கிரிப்ட் "இருக்கிறது" என்று குறித்துக்கொண்டது. 10.11-இல் ஓட்டியபோது சிம்பல் கிடைக்கவில்லை என்று நிரல் விழுந்தது. கன்ஃபிகர் சோதிப்பது பில்ட் செய்யும் கணினியை, வாடிக்கையாளரின் கணினியை அல்ல. லினக்ஸில் "ஜிலிப்சி 2.34 கிடைக்கவில்லை" என்று வரும் பிழைக்கும் இதே காரணம்தான். அதற்கு வழக்கமான வைத்தியம் பழைய சூழலில் பில்ட் செய்வது. பைத்தான் உலகில் பல லினக்ஸ்களிலும் ஓடும் தொகுப்புகளை உருவாக்க உதவும் மெனிலினக்ஸ்2014, சென்ட்ஓஎஸ் 7-ஐ, அதாவது ஜிலிப்சி 2.17-ஐ அடிப்படையாக வைத்திருப்பது இதற்காகத்தான். விண்டோஸில் இதற்கு இணையானது, குறைந்தபட்சப் பதிப்பைச் சொல்லும் மேக்ரோவை நீங்கள் ஆதரிக்கும் மிகப் பழைய விண்டோஸுக்கு வைப்பது. புதிய ஃபங்ஷன்களை ஹெடரே மறைத்துவிடும், பிழை வாடிக்கையாளரிடம் வராமல் உங்கள் கம்பைலரில் வரும்.

அனுபவசாலிகள் கேட்கும் கடைசிக் கேள்வி பெரும்பாலும் இதுவாக இருக்கும்: "இந்த மாற்று வழியை எத்தனை வருடம் சுமப்பீர்கள்?" ஆதரிக்கும் குறைந்தபட்சப் பதிப்பை எழுதி வைத்து, அது உயரும்போது மாற்று வழியை நீக்குவேன் என்று சொல்லலாம். 2024 மே மாதம் வந்த ரஸ்ட் 1.78, விண்டோஸுக்கான குறைந்தபட்சத்தை விண்டோஸ் 10-ஆக உயர்த்தியது. விண்டோஸ் 7 வேண்டுபவர்களுக்குத் தனி டார்கெட் (கம்பைலர் எந்தத் தளத்துக்கு நிரலை உருவாக்குகிறது என்ற தெரிவு) ஒதுக்கப்பட்டது. இதைச் சொன்னால், அடுத்து அந்தத் தனி டார்கெட்டை யார் சோதிப்பது என்று கேட்பார்கள். சிஐயில் (ஒவ்வொரு மாற்றத்தையும் தானாகச் சோதிக்கும் அமைப்பு) விண்டோஸ் 7 மெஷின் வைக்க முடியாவிட்டாலும், ஃபங்ஷனைத் தேடும் இடத்தில் வேண்டுமென்றே நல் தரும் ஒரு சோதனை பில்டை வைத்து மாற்று வழியை ஒவ்வொரு முறையும் ஓட்டலாம் என்று பதில் தயாராக இருக்கட்டும்.