சுவடு வைக்காத நாட்கள்

பிப்ரவரி 8, 2024

இடது முழங்காலில், எலும்புகளைப் பிணைக்கும் லிகமெண்ட் கிழிந்து, அறுவை சிகிச்சை முடிந்து இன்று மூன்றாம் நாள். இடது தொடையை இறுக்கச் சொன்னார்கள், இறுகவில்லை. குதிகாலுக்கு அடியில் ஒரு துண்டைச் சுருட்டி வைத்துக்கொண்டு முழங்காலைக் கட்டிலை நோக்கி அழுத்த வேண்டும், பயிற்சி அவ்வளவுதான். வலது கால் சொல்லி முடிப்பதற்குள் இறுகிக் காட்டுகிறது. இடது காலில், முழங்கால் சில்லுக்குச் சற்று மேலே உட்புறமாகப் புடைத்து எழ வேண்டிய தசை, பாத்திரத்தில் கொட்டி வைத்த மாவைப் போல அப்படியே கிடக்கிறது. பிசியோ அந்த இடத்தை விரல் நுனியால் தட்டித் தட்டி, "இங்கே பாருங்கள், இங்கேதான், இதை மட்டும் கூப்பிடுங்கள்" என்றார். பதினாறு ஆண்டுகளாக அஞ்சலகத்தில் வேலை பார்க்கிறேன். 'பெறுநர் இல்லை' என்று குறித்துத் திருப்பி அனுப்பிய கடிதங்களுக்குக் கணக்கில்லை. இன்றுதான் அனுப்புநரின் பக்கத்திலிருந்து அதைப் பார்த்தேன். தசை செத்துவிடவில்லை, மூட்டில் நீர் கோத்திருக்கும் வரை நரம்பு மண்டலமே அதை அடக்கி வைத்திருக்கும் என்று அவர் விளக்கினார். விளக்கம் புரிந்தது. தொடை இறுகவில்லை.

பிப்ரவரி 10

முழங்கால் போன அன்று அந்தக் கம்பளத்தை மேடையில் யார் விரித்திருப்பார்கள் என்று இன்றும் யோசித்துக்கொண்டிருந்தேன்.

பிப்ரவரி 15

தசை துடித்தது. ஒரே ஒரு முறை, மீன் வால் அசைவது போல. பாப்பாவை அழைத்துக் காட்டுவதற்குள் நின்றுவிட்டது.

கால் மடங்குவதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம், நேராக நீளுவதைத்தான் இப்போதே மீட்க வேண்டும் என்று பிசியோ சொல்கிறார். நானோ மடங்குவதைப் பற்றி மட்டுமே நினைத்துக்கொண்டிருந்தேன். காரணம் எளியது, எங்கள் வீட்டில் இருப்பது பழைய கழிப்பறை. நடுவில் துளை வெட்டிய பிளாஸ்டிக் நாற்காலியை எதிர்வீட்டு அக்கா கொண்டுவந்து தந்தார்; அவருடைய மாமியார் இருந்தவரை அதைத்தான் பயன்படுத்தினாராம். நானூறு பஸ்கி எடுத்த கால் இது.

பிப்ரவரி 21

சில்லின் மேல்விளிம்பிலிருந்து பத்து சென்டிமீட்டர் மேலே தையல் நாடாவைச் சுற்றி அளந்தேன். வலது தொடை 48.5, இடது தொடை 44. பதினாறே நாட்களில் இவ்வளவும் எங்கே போனது? இனி ஒவ்வொரு புதன்கிழமையும் அளப்பேன்.

மார்ச் 3

வலது காலுக்கு எடைப் பயிற்சி தொடங்கியாயிற்று. நல்ல காலை எதற்காக வருத்த வேண்டும் என்று கேட்டேன். ஒரு பக்கத்தைப் பயிற்றுவித்தால், அசையாமல் கிடக்கும் மறுபக்கமும் ஓரளவு வலுவைத் தக்கவைத்துக்கொள்ளும் என்றார் பிசியோ. ஏதோ ஆறுதலுக்காகச் சொல்கிறார் என்று எண்ணிக்கொண்டு வீட்டுக்கு வந்து தேடிப் படித்தேன். 1894-லேயே அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் ஸ்கிரிப்சர் என்பவர் இதைச் சோதித்து எழுதியிருக்கிறார். சிலம்ப வாத்தியார் எங்களுக்கு எந்த வீச்சையும் வலக்கையில் சொல்லிக் கொடுத்த கையோடு இடக்கையிலும் செய்யச் சொல்வார், ஒரு கை கற்றால் மறு கைக்குத் தானே பாதி தெரிந்துவிடும் என்பார். அதை அவருடைய பழைய காலத்துப் பேச்சு என்று நான் உள்ளுக்குள் சிரித்திருக்கிறேன். நாளை தொலைபேசியில் அழைத்துச் சொல்ல வேண்டும்.

மார்ச் 6

வலது 48.5. இடது 43.5.

மார்ச் 17

ஐந்தாவது ஞாயிறாக ஆட்டுக்கால் சூப். காலுக்குக் கால் என்பது அம்மாவின் கணக்கு. நான்கு கால்கள் உள்ள ஆட்டுக்கு ஒரு லிகமெண்ட் போனால் யாருடைய காலைக் கொடுப்பார்கள் என்று கேட்டேன், திட்டு விழுந்தது. மிளகு நன்றாக இருந்தது.

மார்ச் 25

இதை ஒரு முறை முழுதாக எழுதிவிட்டால் திரும்பத் திரும்ப நினைப்பது நிற்குமா என்று பார்க்கிறேன்.

சிலம்பத்தில் கம்பு சுழல்வதைத்தான் பார்ப்பவர்கள் பார்க்கிறார்கள். கற்றவர்கள் காலைப் பார்ப்பார்கள். சுவடு, அதாவது காலடி, மாறித் திரும்பும்போது உடல் எடை முன்பாதத்தில் இருக்க வேண்டும், குதிகால் ஒரு நெல் உயரமாவது தரையை விட்டு எழுந்திருக்க வேண்டும். அப்படி இருந்தால் இடுப்போடு முழங்காலும், முழங்காலோடு பாதமும் ஒன்றாகத் திரும்பும். குதிகாலை ஊன்றிவிட்டால் பாதம் நின்றுவிடும், இடுப்பு திரும்பிவிடும், இரண்டுக்கும் நடுவில் இருக்கும் முழங்கால் துணி பிழிவதைப் போல முறுக்கப்படும். பன்னிரண்டு வயதிலிருந்து இதைக் கேட்டு வளர்ந்தவள் நான்; கடந்த ஒன்பது ஆண்டுகளாகப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறவளும் நானே. அன்று பொங்கல் விழா மேடையில் பச்சை நிறச் செயற்கைக் கம்பளம் விரித்திருந்தார்கள். வெறுங்காலுக்கு அது மண்ணைப் போல வழுக்கி வழிவிடாது, பற்றிக்கொள்ளும். பின்னால் திரும்பித் தடுக்கும் இடத்தில் இடது பாதத்துக்கு முன்னால் கம்பளம் ஒரு மடிப்பாக எழும்பியதை உணர்ந்தேன், உணர்ந்தும் திரும்பினேன். 'பட்' என்ற ஓசையைக் கம்பு முறிந்த ஓசை என்றுதான் முதலில் நினைத்தேன். கம்பைத்தான் குனிந்து பார்த்தேன். அது முழுதாக இருந்தது.

மண் தரையாக இருந்திருந்தால் கால் சறுக்கியிருக்கும், நான் விழுந்திருப்பேன், பிள்ளைகள் சிரித்திருப்பார்கள், எழுந்து மீண்டும் ஆடியிருப்பேன். ஆனால் என் குதிகால் ஊன்றியிருந்ததா இல்லையா என்பதுதான் எனக்கு நினைவில் இல்லை. கைப்பேசியில் படம் எடுத்தவர்கள் இருவரிடம் கேட்டேன். இரண்டிலும் இடுப்புக்கு மேலேதான் இருக்கிறது.

ஏப்ரல் 3

வலது 49. இடது 44.5.

ஏப்ரல் 19

வாக்குச்சாவடி வரிசையில் நாற்பது நிமிடம் நின்றேன். முதியவர்களுக்கான வரிசைக்கு வரச் சொன்னார்கள், மறுத்துவிட்டேன். வீங்கிய முழங்காலில் இப்போது பனிக்கட்டிப் பை இருக்கிறது. மறுத்தது வீம்பு என்று இவர் சொல்கிறார். வீம்புதான்.

ஏப்ரல் 21

கிர்கிஸ்தானின் பிஷ்கெக்கில் நடந்த தகுதிச் சுற்றில் மல்யுத்த வீராங்கனை வினேஷ் போகாட் வென்று, 50 கிலோ பிரிவில் பாரிஸ் ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்றுவிட்டார். பயிற்சியில் இடது முழங்கால் லிகமெண்ட் கிழிந்து, 2023 ஆகஸ்டில் மும்பையில் அறுவை சிகிச்சை செய்துகொண்டு, ஆசிய விளையாட்டுப் போட்டியைத் துறந்தவர். அதற்கும் முன்பு 2016-இல் ரியோவில் வலது முழங்காலைப் பிடித்துக்கொண்டு தூக்குப் படுக்கையில் வெளியேறியவர். விரல் விட்டு எண்ணினேன்: ஆகஸ்டிலிருந்து ஏப்ரல், எட்டு மாதம். என்னுடையதும் இடது கால்தான். எனக்கு எட்டாம் மாதம் அக்டோபரில் முடிகிறது.

அவரோடு என்னை ஒப்பிட்டுக்கொள்வது அபத்தம் என்று தெரியும். அவருக்கு அது முழுநேர வேலை. எனக்கு வேலை மணியார்டரும் தொடர்வைப்புக் கணக்கும். கம்பு மாலை ஐந்தரைக்கு மேல்தான். ஆனாலும் அந்த ஆட்டத்தின் காணொளியை ஏழு முறை பார்த்தேன், ஏழு முறையும் இடது காலை மட்டுமே பார்த்தேன்.

ஏப்ரல் 23

அழகர் ஆற்றில் இறங்கியதைத் தொலைக்காட்சியில் பார்த்தேன். நினைவு தெரிந்த நாளிலிருந்து இந்த விடியலில் வீட்டுக்குள் இருந்தது இதுவே முதல் முறை. கூட்டத்தில் யாராவது பக்கவாட்டில் மோதினால் என்ன ஆகும் என்ற எண்ணம் வந்தது, செருப்பைக் கழற்றி வைத்துவிட்டேன்.

மே 9

அக்கினி நட்சத்திரம். மொட்டை மாடியில் காலை ஆறு மணிக்கே தரை சுடுகிறது.

கிழிந்த லிகமெண்டுக்குப் பதிலாகப் பொருத்திய நாண் பார்வைக்கு எதையும் காட்டாது. தொடையின் பின்புறத்திலிருந்து எடுத்து வைத்த அந்த நாண் முதலில் நலிந்து, பிறகு மெல்ல மெல்ல லிகமெண்டாக மாறுமாம். வலி குறைந்து நடை சீராகும் நேரத்தில்தான் உள்ளே அது பலவீனமாக இருக்கிறது. இந்த மூன்று மாதங்களில் இதைவிட அச்சமூட்டும் செய்தியை நான் கேட்கவில்லை. வலித்தால் எச்சரிக்கையாக இருப்பேன். வலிக்காததை எப்படி நம்பாமல் இருப்பது?

அதனால் கைக்குத் தாவிவிட்டேன். முக்காலியில் உட்கார்ந்து நான்கு கிலோ கர்லாக்கட்டையைக் கைக்கு நூறு சுற்று, காலையும் மாலையும். கட்டை முதுகுக்குப் பின்னால் இறங்கித் தோளைத் திறந்துகொண்டு முன்னால் வரும் அந்த ஒரு நொடியில் எனக்குக் கால் என்ற ஒன்று இருப்பதே மறந்துவிடுகிறது. நாளையிலிருந்து நூற்றைம்பது.

மே 22

இருநூறு.

மே 27

வலது கையைத் தூக்கித் தலை வார முடியவில்லை. அஞ்சலகத்தில் முத்திரை குத்தும்போதும் தோளின் முன்புறம் சுரீர் என்கிறது. பிசியோவிடம் எத்தனை சுற்று என்ற உண்மையைச் சொன்னேன். அவர் பேனாவை மூடி வைத்துவிட்டுச் சற்று நேரம் எதுவும் பேசவில்லை. நிற்கும்போது கர்லாவின் வேகத்தைக் காலும் இடுப்பும் பகிர்ந்துகொள்ளும், உட்கார்ந்துவிட்டால் தோள் தனியாகச் சுமக்கும் என்று பிறகு சொன்னார். இது எனக்குத் தெரியாதா? எனக்குத் தெரிந்ததை இன்னொருவர் வாயால் கேட்பதற்கு ஐந்நூறு ரூபாய்.

தோள் நாண் உரசி வீங்கியிருக்கிறது, கிழியவில்லை. ஆறு வாரம் கட்டையைத் தொடக் கூடாது. இப்போது கால் ஒன்று, கை ஒன்று.

மே 28

யாரிடமும் பேசவில்லை.

ஜூன் 11

திடலுக்குப் போனேன். ஆறு மாதம் ஆகாமல் வரக் கூடாது என்று நினைத்திருந்தேன், முடியவில்லை. வேப்பமரத்தடியில் நாற்காலி போட்டு உட்காரச் சொன்னார்கள். உட்காராமல் நின்றுகொண்டு பிள்ளைகளின் சுவட்டைத் திருத்திக்கொண்டிருந்தேன். திடலின் மறுகோடியிலிருந்து, கண்ணில் புரையோடு இருக்கும் எழுபத்து நான்கு வயது வாத்தியாரின் குரல் வந்தது: "என்னத்தா, வலது காலே எல்லாத்தையும் சொமக்குது? இடது கால் என்ன பாவம் பண்ணுச்சு?"

இரண்டு கால்களிலும் சமமாக நிற்பதாகத்தான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன். வீட்டுக்கு வந்து, இரவல் வாங்கிய இரண்டு எடை பார்க்கும் கருவிகளை அருகருகே வைத்து, காலுக்கு ஒன்றாக ஏறி நின்றேன். கண்ணை மூடி நின்றுவிட்டு இவரைப் படிக்கச் சொன்னேன். வலதில் 36, இடதில் 25.

ஜூன் 12

வலது 49. இடது 46.5. தொடை வளர்ந்திருக்கிறது. நிற்கத்தான் மாட்டேன் என்கிறது.

ஜூன் 30

திரும்பித் திரும்பி ஆடும் விளையாட்டுகளைச் சேர்ந்த 106 பேரை, இந்த அறுவை சிகிச்சைக்குப் பிறகு இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 2016-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றைப் பிசியோ அச்செடுத்துக் கொடுத்தார். களத்துக்குத் திரும்புவதை ஒன்பதாம் மாதம் வரை தள்ளிப்போட, தள்ளிப்போடும் ஒவ்வொரு மாதத்துக்கும் மறுபடி காயம்படும் விகிதம் 51 விழுக்காடு குறைந்திருக்கிறது. மாதம் ஒன்றுக்குப் பாதி, அதில் பாதி, பிறகு அதிலும் பாதி. வட்டிக் கணக்கு பார்த்தே பிழைக்கிறவளுக்கு இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது. தாளை அலமாரிக் கதவின் உட்புறம் ஒட்டிவிட்டேன். எனக்கு ஒன்பதாம் மாதம் முடிவது நவம்பர் 5.

ஆனால் முதலமைச்சர் கோப்பைக்கான மாவட்டப் போட்டி அதற்கு முன்பே வந்துவிடும். எதிரே நின்று கம்பு பிடித்துக் கொடுக்க ஆள் இல்லாமல் என் பிள்ளைகள் காற்றோடு ஆடிக்கொண்டிருக்கிறார்கள்.

ஜூலை 14

சம்மணம் போட்டு உட்கார்ந்து சாப்பிட்டேன். எழுந்திருக்கத்தான் பாப்பாவின் தோள் தேவைப்பட்டது.

தெப்பக்குளத்தை நடையும் ஓட்டமுமாக ஒரு சுற்று. ஓடும்போது என் காலடி ஓசையைக் கேட்டேன்; ஒரு கால் ஓங்கி விழுகிறது, மற்றொன்று திருடன் போல மெதுவாக விழுகிறது.

ஜூலை 22

நாற்பது வயதில் இது எதற்கு என்று கேட்டவர்களின் பட்டியல் இன்றோடு பதினொன்று. எனக்கு முப்பத்தெட்டு.

ஆகஸ்ட் 5

ஆறு மாதம். ஒற்றைக் காலில் நின்று அதே காலில் தாண்டி இறங்க வேண்டும். வலது காலில் 112 சென்டிமீட்டர். இடது காலில் 84. முக்கால் பங்கு, 90 விழுக்காடாவது வர வேண்டும். இடது தொடை முன்பைவிட எட்டு கிலோ கூடுதலாகத் தூக்குகிறது, நாடாவில் ஒரே ஒரு சென்டிமீட்டர்தான் வித்தியாசம், அப்படியிருந்தும் 84. தாண்டுவதில் குறை இல்லை. இறங்கப் போகும் அந்த நொடியில், காற்றில் இருக்கும்போதே, பாதத்துக்கு அடியில் அந்தப் பச்சைக் கம்பளம் வந்துவிடுகிறது. மூன்று முறை தாண்டினேன், மூன்று முறையும் வந்தது. பிசியோவிடம் இதைச் சொல்லவில்லை. பிறகு சொன்னேன். அவர் வியப்படையவில்லை, காகிதத்தில் ஏதோ எழுதிக்கொண்டு, இனி வாரம் இருமுறை இறங்குவதை மட்டும் பழகலாம், ஒரு செங்கல் உயரத்திலிருந்து தொடங்கலாம் என்றார்.

ஆகஸ்ட் 6

வெளிநாட்டவர் எவரிடமும் அதுவரை தோற்றிராத ஜப்பானின் யுய் சுசாகியைக் கடைசி நொடிகளில் வினேஷ் வீழ்த்திவிட்டார், 3-2. ஒரே நாளில் மூன்று ஆட்டங்கள், மூன்றிலும் வெற்றி. நாளை இறுதிப் போட்டி. நான் கத்திய கத்தலில் அம்மா ஓடி வந்து முதலில் என் காலைத்தான் பார்த்தார்.

ஆகஸ்ட் 7

எடை 100 கிராம் கூடுதல். வினேஷ் தகுதி நீக்கம்.

ஆகஸ்ட் 8

ஓய்வு பெறுவதாக அறிவித்துவிட்டார். செங்கல்லிலிருந்து இருபது முறை இறங்கினேன்.

ஆகஸ்ட் 11

திடலில் யாரும் வருவதற்கு முன்பு, ஆறு மணிக்கு, வெறுங்காலோடு மண்ணில் நின்றேன். கம்பு இல்லை. நாலு கால் சுவட்டை, கோலத்துக்குப் புள்ளி வைப்பவளின் வேகத்தில், ஒவ்வோர் அடியிலும் நின்று குதிகாலைக் குனிந்து பார்த்துக்கொண்டே ஒரு முறை வைத்து முடித்தேன். வாத்தியார் வந்தது எனக்குத் தெரியாது. ஒன்றும் சொல்லாமல், மரத்தடியில் கிடந்த துடைப்பத்தை எடுத்து, நான் நின்ற இடத்தைச் சுற்றியிருந்த சரளைக் கற்களைக் கூட்டித் தள்ளிக்கொண்டிருந்தார்.

நாடாவைப் பாப்பா பள்ளிக் கைவேலைக்கு எடுத்துப் போய்விட்டாள். புதன்கிழமையிலிருந்து அளக்கவில்லை.