காதலி என்று எழுதினேன்

செய்தி ஏஜென்சி அனுப்பிய காப்பியில் ‘மிஸ்ட்ரஸ்’ என்று இருந்தது. எங்கள் பத்திரிகை டெஸ்க்கில் அதற்கு வழக்கமாகப் போடும் வார்த்தை ‘ஆசைநாயகி’. நான் அதை அடித்துவிட்டு ‘காதலி’ என்று எழுதினேன். கொஞ்சம் மரியாதையாக இருக்கட்டும் என்றுதான் மாற்றினேன். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

1998 நவம்பர் முதல் வாரம். அமெரிக்காவின் மூன்றாவது அதிபர் தாமஸ் ஜெபர்சனுக்கும் அவர் வீட்டு அடிமை சாலி ஹெமிங்ஸுக்கும் பிள்ளை பிறந்தது என்ற பழைய பேச்சுக்கு டி.என்.ஏ. சோதனை வலுச் சேர்த்திருந்தது. 1802-ல் ஜெபர்சன் பதவியில் இருந்தபோதே ஜேம்ஸ் கேலண்டர் என்ற பத்திரிகைக்காரர் ரிச்மண்டில் அச்சேற்றிய விஷயம். ஜெபர்சன் பகிரங்கமாக வாயே திறக்கவில்லை. இரண்டு வருடம் கழித்து மறுபடியும் ஜெயித்தார்.

அந்த வருடம் முழுக்க எங்களுக்கு அப்போதைய அதிபர் கிளின்டன் செய்திதான். மோனிகா லெவின்ஸ்கியுடனான உறவை ஜனவரியில் மறுத்தார், ஆகஸ்டில் ஒப்புக்கொண்டார், செப்டம்பரில் அதை விசாரித்த ஸ்டாரின் அறிக்கை வந்தது. அந்தப் பழக்கத்திலேயே ஜெபர்சனையும் ஒற்றைப் பத்தியில் முடித்துவிடப் பார்த்தேன்.

பயிற்சிக்கு வந்து நாலு மாதமான பெண் ஒருவர் புரூப் பார்த்தார். பேனா முனையை அந்த வார்த்தை மேல் வைத்தபடி, “சார், வேண்டாம்னு சொல்ல முடியாதவங்களைக் காதலின்னு எப்படி சார் எழுதறது?” என்றார்.

மணி 11.15. பக்கம் அச்சுக்குப் போக வேண்டும்.

“வேற வார்த்தை இருந்தா சொல்லும்மா, போட்டுடலாம்” என்றேன்.

யோசித்தார். அப்புறம் “சரி சார்” என்றார். பக்கம் போய்விட்டது.

நான் அவரை அதட்டவில்லை. வழி விட்டேன் என்றுதான் ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். தப்பு என்று சுட்டுகிறவர் சரியானதைச் சொல்ல வேண்டும் என்பது டெஸ்க்கில் எழுதாத சட்டம், என்னையும் அப்படித்தான் பழக்கினார்கள். ஆனால் இருபது வருடமாக அந்த வேலையில் இருந்த எனக்கே வராத வார்த்தையை நாலு மாதப் பெண்ணிடம் கேட்டது வழி விட்டதாகுமா? வாயை அடைத்ததுதானே?

சாலி 1787-ல் ஜெபர்சனின் சின்ன மகளுக்குத் துணையாகப் பாரிஸ் போனபோது அவளுக்கு 14 வயது, ஜெபர்சனுக்கு 44. ஜெபர்சனின் இறந்துபோன மனைவிக்கு அவள் தகப்பன்வழித் தங்கை என்றே பெரும்பாலான வரலாற்றாசிரியர்கள் சொல்கிறார்கள். இதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரிந்தது. ‘அடிமை’ என்ற வார்த்தை மட்டும் அன்றைக்கே காப்பியில் இருந்தது.

1998-ல் நாங்கள் போட்ட இன்னொரு தலைப்பும் இப்போது உறுத்துகிறது. ‘மோனிகா விவகாரம்.’ பொய் சொன்னது அதிபர், நாடாளுமன்றத்தில் குற்றச்சாட்டைச் சந்தித்ததும் அதிபர். விவகாரத்துக்கு மட்டும், வெள்ளை மாளிகையில் பயிற்சிக்குச் சேர்ந்த 21 வயதுப் பெண்ணின் பெயர். எங்கள் டெஸ்க்கிலும் ஒரு பயிற்சிப் பெண் உட்கார்ந்திருந்தார், தினமும் அந்தத் தலைப்பைப் புரூப் பார்த்தார். அது என் மனதில் படவே இல்லை. இரண்டு பேரும் விரும்பியே நடந்தது என்று சொல்லிவந்த மோனிகாவே, 2018-ல் அவ்வளவு பெரிய அதிகாரத்துக்கு முன்னால் சம்மதம் என்பதற்கு என்ன அர்த்தம் என்று யோசித்து எழுதினார்.

அதே வருடம் மான்டிசெல்லோவில், ஜெபர்சன் வாழ்ந்த வீட்டில், சாலிக்கென்றே ஒரு காட்சிக்கூடம் திறந்தார்கள். அந்தச் செய்தியும் என் கைக்கு வந்தது. ‘அடிமைப் பெண்’ என்று எழுதினேன். கடன் தீர்ந்தது என்று நினைத்தேன்.

தீரவில்லை. சாலியின் மகன் மேடிசன் 1873-ல் ஓஹையோவில் ஒரு பத்திரிகைக்குச் சொன்னதைப் பிறகு படித்தேன். பிரான்சில் அவள் நினைத்தால் விடுதலை கேட்டிருக்கலாம். ‘திரும்பி வரமாட்டேன்’ என்று ஜெபர்சனிடமே சொல்லியிருக்கிறாள். பிறக்கும் பிள்ளைகளை 21 வயதில் விடுவிப்பேன் என்று அவர் வாக்குக் கொடுத்த பிறகுதான் கப்பலேறினாள். ஆக, வேண்டாம் என்று சொல்லியிருக்கிறாள்! அப்படியானால் அன்றைக்கு அந்தப் பெண் கேட்டது தவறா? அப்படியும் சொல்ல முடியவில்லை. பிள்ளைகளுக்கு விடுதலை கிடைத்தது. 1826-ல் ஜெபர்சன் இறந்தபோது அவர் உயிலில் சாலிக்கு விடுதலை இல்லை. காதலியும் இல்லை, வெறும் அடிமைப் பெண் என்று விட்டுவிடவும் முடியவில்லை. பெயரைப் போட்டிருக்கலாம். சாலி ஹெமிங்ஸ், அவ்வளவுதான். வாசகருக்குத் தெரியாத பெயர் என்று அதை நாலாவது வரிக்குத் தள்ளியதும் நான்தான்.

அந்தப் பயிற்சிப் பெண் யோசித்தார் என்று மேலே எழுதினேன். அரை நிமிடம் இருக்கும். புரூப்பைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.