வாடைக் காலத்து ஆம்ப் பழுதுகள்

நவம்பர் 6, பாம்பன்

மைக்செட் ஆம்ப் (ஆம்ப்ளிஃபையர்). ஃப்யூஸ் போட்டவுடன் போகிறது. பிளக்கைப் பிடுங்கி, ஃபில்டர் கண்டென்சர்களை 100 ஓம், 10 வாட் ரெசிஸ்டர் வைத்து டிஸ்சார்ஜ் செய்த பிறகே மீட்டர் வைக்க வேண்டும். 5200, 1943 என்ற அவுட்புட் டிரான்சிஸ்டர்கள் எல்லாம் இணையாக நிற்பதால், ஒன்று ஷார்ட்டானாலும் அந்த வரிசை முழுவதும் ஷார்ட் என்றே காட்டும். 0.22 ஓம் எமிட்டர் ரெசிஸ்டர்களில் ஒரு காலை மட்டும் தூக்கினால் குற்றவாளி தனியே தெரியும். ரெசிஸ்டரே ஓப்பனாகியிருக்கலாம், அதையும் அளக்கவும்.

நவம்பர் 7

புது ஜோடியை உடனே மாட்டக் கூடாது. மாட்டினால் அதுவும் போகும். இந்தக் கரையில் நான் முதலில் பார்ப்பது பயாஸ் ப்ரீசெட்டைத்தான்: பாட்டு இல்லாதபோது அவுட்புட்டில் ஓடும் சிறு கரண்டை (பயாஸ்) அமைக்கும், திருகித் திருப்பும் ரெசிஸ்டர். இதிலும் நடுக்கால் தொடும் இடத்தில் பச்சைக் களிம்பு. ஸ்க்ரூடிரைவரால் மெல்லத் திருப்பினால் ஓம் அளவு தாவுகிறது, சில இடங்களில் அறவே இல்லை. நடுக்கால் பயாஸ் டிரான்சிஸ்டரின் பேஸுக்குப் போகிறது. தொடர்பு விட்டால் அந்த டிரான்சிஸ்டர் அணைந்துவிடும். பாட்டே போடாதபோதும் இரண்டு பக்க அவுட்புட்டும் முழுக்கத் திறந்து எரியும். மூடிய வகை மல்டிடர்ன் ப்ரீசெட் போட்டேன். அவுட்புட்டை இயக்கும் டிரைவர் டிரான்சிஸ்டர் ஜோடியையும் சோதிக்காமல் விடக் கூடாது.

நவம்பர் 8

டிரான்சிஸ்டருக்கும் ஹீட் சிங்குக்கும் நடுவில் புது மைக்கா, இருபுறமும் மெல்லிய ஹீட் சிங்க் பேஸ்ட். ப்ரீசெட் குறைந்த பயாஸில். ஸ்பீக்கர் இல்லாமல், 100 வாட் குண்டு பல்பை மெயின் கரண்ட் லைனில் சீரிஸாக வைத்து ஆன் செய்தால், பளிச்சென்று எரிந்து மங்க வேண்டும். மங்காவிட்டால் ஷார்ட் இன்னும் இருக்கிறது. அவுட்புட்டில் டிசி 50 மில்லிவோல்ட்டுக்குள் இருந்தால் பல்பை எடுத்துவிட்டு, எமிட்டர் ரெசிஸ்டரின் இரு முனைகளுக்கு இடையே 5 மில்லிவோல்ட் வரும்வரை திருப்பவும். ஏறத்தாழ 23 மில்லிஆம்பியர். ஹீட் சிங்க் சூடேறியதும் மறுபடி அளக்கவும், கூடியிருந்தால் குறைக்கவும்.

நவம்பர் 11, மண்டபம்

இன்னொரு ஆம்ப். ஸ்பீக்கரில் ஹம் (விடாத ரீங்காரம்). 100 ஹெர்ட்ஸ் என்றால் ஃபில்டர் கண்டென்சர். 50 என்றால் ஷீல்டு வயர் அல்லது எர்த். இது முதல் வகை.

நவம்பர் 13

அதே போர்டில், கண்டென்சரைப் பிடிக்கப் போட்ட பசை பழுப்பாகியிருந்தது. ஈரம் ஏறினால் அதன் வழியே மின்சாரம் கசியும். சுரண்டி எடுத்துவிட வேண்டும். பிறகு ஐசோப்ரோப்பைல் ஆல்கஹாலில் பிரஷ் போட்டு, நன்றாகக் காய்ந்ததும் வார்னிஷ். ரிலே, ப்ரீசெட், கனெக்டர் மீது வார்னிஷ் படாமல் டேப் ஒட்டிக்கொள்ளவும்.