காலையில் ஸ்டார்ட் ஆக அடம்பிடித்த கார்: மூன்று ஞாயிற்றுக்கிழமைகள்

2012 மாடல் பெட்ரோல் கார், 84,000 கிலோமீட்டர் ஓடியது. வாங்கி ஒரு மாதம்தான் ஆகிறது. ஓட்டத்தில் குறையில்லை. காலையில் முதல் ஸ்டார்ட்டுக்கு மட்டும் முனகும். செல்ஃப் (இன்ஜினைச் சுற்றிவிடும் ஸ்டார்ட்டர் மோட்டார்) இழுத்து இழுத்துச் சுற்றி, ஏழெட்டு விநாடி கழித்துத்தான் இன்ஜின் பிடிக்கும். மதியம் எடுத்தால் பரவாயில்லை.

எல்லோரும் செய்வதையே நானும் செய்தேன்: பேட்டரியை மாற்றினேன். 4,800 ரூபாய். மூன்று நாள் கொஞ்சம் தேவலை போலிருந்தது, நாலாம் நாள் பழைய கதை.

தெருமுனை மெக்கானிக் அண்ணனிடம் சொன்னபோது அவர் கேட்டது ஒரே கேள்வி. "செல்ஃப் சுத்தலையா, இன்ஜின் புடிக்கலையா? அதைச் சொல்லு மொதல்ல தம்பி." அதுவரை இரண்டையும் ஒன்றாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். "ரெண்டும்தான்ணே" என்றேன். "அப்போ ரெண்டு வியாதி. ஒண்ணொண்ணாப் பாரு" என்று சிரித்தார்.

முதல் ஞாயிறு, செல்ஃப். பெட்ரோல் பம்ப் ஃப்யூஸைப் பிடுங்கிவிட்டால் இன்ஜின் பிடிக்காது, நிதானமாகச் சுற்றவிட்டு அளக்கலாம். நியூட்ரலில் போட்டு, ஹேண்ட்பிரேக் இழுத்து, தம்பியைச் சாவியருகே உட்காரவைத்தேன். சும்மா இருக்கும்போது பேட்டரி 12.6 வோல்ட். செல்ஃப் சுற்றும்போது 10.7. இது 9.6-க்குக் கீழே போனால்தான் பேட்டரியைச் சந்தேகிக்க வேண்டும். ஆக, பழைய பேட்டரியும் நல்லதாகவே இருந்திருக்கலாம். அதை எக்ஸ்சேஞ்சில் கொடுத்தாயிற்று, போகட்டும்.

அப்புறம் மல்டிமீட்டரின் ஒரு முனையைப் பேட்டரி மைனஸிலும் மறுமுனையை இன்ஜின் பிளாக்கிலும் வைத்துச் சுற்றவிட்டேன். நல்ல எர்த் (மின்சாரம் பேட்டரி மைனஸுக்குத் திரும்பும் பாதை) என்றால் 0.2, 0.3 வோல்ட்டுக்குள் காட்ட வேண்டும். காட்டியது 0.9! மைனஸிலிருந்து பாடி வரை அளந்தால் 0.1 மட்டும். பாடியிலிருந்து இன்ஜினுக்கு 0.8. பாடிக்கும் இன்ஜினோடு ஒட்டிய கியர்பாக்ஸுக்கும் நடுவே போகும் பின்னல் செம்புப் பட்டைதான் திருடன்.

இதற்கு முன்பே அதே பட்டையை மீட்டரை ஓம்ஸில் (தடை அளக்கும் நிலை) வைத்துப் பார்த்திருந்தேன், சுழியம் என்றுதான் காட்டியது. ஏமாற்றம் அங்கேதான். செல்ஃப் ஏறக்குறைய 150 ஆம்பியர் இழுக்கும். அந்த ஓட்டத்தில் 6 மில்லியோம் தடை இருந்தாலே 0.9 வோல்ட் காணாமல் போகும். அவ்வளவு சின்னத் தடையைச் சாதாரண மல்டிமீட்டரால் பிடிக்க முடியாது. மின்சாரம் ஓடும்போது வோல்ட்டை அளந்தால்தான் உண்மை தெரியும். சந்தேகம் தீர, ஜம்பர் கேபிளில் பேட்டரி மைனஸை நேராக இன்ஜினில் கோத்துச் சாவியைத் திருப்பினேன். செல்ஃப் விர்ரென்று சுற்றியது.

இரண்டாம் ஞாயிறு அழுக்கு வேலை. பேட்டரி தட்டைக் கழற்றிப் பார்த்தால் பட்டை பச்சை பூத்துக் கிடந்தது. போல்ட் உட்காரும் இடத்தில் பெயின்ட்டும் துருவும். எமரி தாளால் இரும்பு பளபளக்கும் வரை தேய்த்து, 180 ரூபாய்க்குப் புதுப் பட்டை வாங்கி மாட்டி, மேலே வாசலைன் பூசினேன். இப்போது மைனஸிலிருந்து இன்ஜினுக்கு 0.15 வோல்ட்தான்.

முனகல் போயிற்று. ஆனால் காலையில் செல்ஃப் வேகமாகச் சுற்றியும் இன்ஜின் பிடிக்க இன்னும் நாலு விநாடி.

மூன்றாம் ஞாயிறு. குளிருக்கு ஏற்ப பெட்ரோல் அளவைத் தீர்மானிக்க உதவும் சென்சாரை முதலில் சந்தேகித்தேன். காரின் சென்சார் அளவுகளைக் காட்டும் ஸ்கேனரில் பார்த்தால் கூலன்ட் (இன்ஜினைக் குளிர்விக்கும் நீர்) 27 டிகிரி, உள்ளே வரும் காற்று 28. இரவெல்லாம் நின்ற காரில் இரண்டும் ஒட்டித்தான் இருக்க வேண்டும், எனவே சென்சார் பொய் சொல்லவில்லை. அடுத்து, ஸ்டார்ட் செய்யாமல் சாவியை ஆன் மட்டும் செய்தேன். பின்சீட்டுக்கு அடியில் பம்ப் இரண்டு விநாடி உறுமி நின்றது. ஆஃப் செய்து மறுபடி ஆன், இன்னொரு முறை. அப்புறம் ஸ்டார்ட் செய்தால், தொட்டதும் பிடித்தது! இரவில் பெட்ரோல் அழுத்தம் இறங்கிவிடுகிறது. இன்ஜினுக்குப் பெட்ரோல் பீய்ச்சும் இன்ஜெக்டர் ஒழுகுகிறதா, அழுத்தம் இறங்காமல் தடுக்கும், பம்ப்போடு சேர்ந்த வால்வு பிடிக்கவில்லையா என்பதுதான் மிச்சம். மறுநாள் காலை ஸ்டார்ட் செய்வதற்கு முன் பிளக்குகளைக் கழற்றினேன். இன்ஜெக்டர் ஒழுகியிருந்தால் பிளக் நனைந்திருக்கும். நாலும் காய்ந்து கிடந்தன, பெட்ரோல் வாசனை இல்லை. என் பந்தயம் வால்வு மேல்தான். குழாயை இடுக்கிப் பார்த்தால் உறுதியாகத் தெரியும், ஆனால் இதில் பிளாஸ்டிக் குழாய். உடைந்தால் வம்பு என்று விட்டுவிட்டேன்.

இப்போதைக்கு மூன்று முறை சாவியைத் திருப்பித்தான் வண்டி எடுக்கிறேன். டேங்க்கில் பெட்ரோல் கால் பங்குக்கு இறங்கியதும் பின்சீட்டைத் தூக்கிப் பம்ப்பைப் பார்க்க வேண்டும்.