திருப்பூர் கம்பெனி ஒன்றின் மெயில் மாற்றம்: நாட்குறிப்பு

ஜூன் 3, 2024, திங்கள்

பின்னலாடை ஏற்றுமதி கம்பெனி. மெயிலை மைக்ரோசாஃப்ட் 365-க்கு மாற்றித் தரச் சொல்லிக் கூப்பிட்டிருந்தார்கள். இப்போது ஓடுவது வெப்சைட்டோடு சேர்ந்து வந்த சிபேனல் (வெப்சைட் சர்வரை நிர்வகிக்கும் மென்பொருள்) மெயில். நாற்பது சொச்சம் முகவரிகள். எல்லாமே அவுட்லுக்கில் பாப் முறையில் மாட்டியிருக்கிறது. மெயில் கம்ப்யூட்டருக்கு இறங்கியதும் சர்வரில் அழிந்துவிடும். ஹார்ட் டிஸ்க் போனால் பையரோடு, அதாவது சரக்கு வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனியோடு, பேசிய பேச்செல்லாம் போச்சு. அக்கவுண்ட்ஸ் அக்காவின் பிஎஸ்டி ஃபைல் (அவுட்லுக் மெயிலைச் சேர்த்து வைக்கும் ஃபைல்) மட்டும் 38 ஜிபி.

பாஸ்வேர்டு லிஸ்ட் கேட்டேன். ரிசப்ஷனில் இருந்து ஒரு நோட்டு வந்தது. கம்பெனி பெயர், ஒரு குறி, 123. முக்கால்வாசி முகவரிக்கு இதேதான். அக்கவுண்ட்ஸ் முகவரியின் பாஸ்வேர்டு யார் யாருக்குத் தெரியும் என்று கேட்டால் எண்ணி முடியவில்லை. போன வருஷம் வேலையை விட்டுப் போனவர் வரைக்கும் தெரியும். "எல்லாம் நம்ம ஆளுங்கதானுங்க" என்றார் மேனேஜர்.

அதைவிடப் பெரிய சிக்கல், டொமைன் (மெயில் முகவரியில் @-க்குப் பின்னால் வரும் பெயர்) கம்பெனியின் பெயரிலேயே இல்லை. 2009-ல் வெப்சைட் போட்டுக் கொடுத்தவரின் பெயரில் இருக்கிறது.

ஜூன் 5, புதன்

அந்த வெப் டிசைனரைப் பிடித்தாயிற்று. இப்போது ஈரோட்டில் வேறு தொழில் பார்க்கிறார். இத்தனை வருஷமாகத் தன் கார்டில் இருந்தே ரினியூ பண்ணிக்கொண்டு வந்திருக்கிறார். பாவம், வருஷா வருஷம் பில் அனுப்பி வாங்கிக்கொண்டிருக்கிறார், அவ்வளவுதான். அவருக்கு ஒரு வருஷம் மறந்திருந்தால், கார்டு காலாவதி ஆகியிருந்தால், கம்பெனியின் அத்தனை மெயிலும் ஒரே நாளில் நின்றிருக்கும். இது யாருக்கும் உறைக்கவே இல்லை.

ரிஜிஸ்ட்ரார் (டொமைனைப் பதிந்து தரும் நிறுவனம்) மாற்றவில்லை. அதே ரிஜிஸ்ட்ராரில் கம்பெனி பெயரில் கணக்கு திறந்து, டொமைனை அதற்குள் தள்ளச் சொன்னேன். தொடர்பு மெயிலாக முதலாளி அதே டொமைன் முகவரியைக் கொடுக்கப் பார்த்தார். கூடாது என்றேன். டிஎன்எஸ் (டொமைனின் மெயிலும் வெப்சைட்டும் எங்கே இருக்கின்றன என்று சொல்லும் பட்டியல்) படுத்துவிட்டால், அதை எழுப்பப் போகும் ரீசெட் மெயிலும் அதே படுத்த டொமைனுக்குத்தான் வரும். வெளி முகவரி ஒன்றைக் கொடுத்தோம்.

ஜூன் 6, வியாழன்

முதலாளியோடு உட்கார்ந்தேன். கேள்விகளில் பாதி நியாயமானவை.

"நம்ம மெயிலெல்லாம் அமெரிக்காவுக்குப் போயிருங்களா தம்பி?" மைக்ரோசாஃப்ட்டுக்கு 2015 முதல் புணே, சென்னை, மும்பையில் டேட்டா சென்டர் இருக்கிறது, கணக்கு திறக்கும்போது எந்த நாடு என்று கொடுக்கிறோமோ அதைப் பொறுத்துத்தான் இடம் அமையும், கொடுத்தபிறகு நாட்டை மாற்ற முடியாது. சொன்னதும் தலையாட்டினார்.

"இது நிக்கவே நிக்காதுங்களா?" நிற்கும் என்றேன். 2023 ஜனவரி 25 அன்று நெட்வொர்க் ரூட்டரில் அவர்களே செய்த ஒரு மாற்றத்தால் டீம்ஸ், அவுட்லுக் எல்லாம் உலகம் பூராவும் மணிக்கணக்கில் படுத்தன. நம் ஊருக்கு அது மத்தியான நேரம். நிற்காது என்று சொல்லி விற்கிறவனை நம்பாதீர்கள் என்றும் சொன்னேன். சிரித்துக்கொண்டார்.

பிறகு காசு. எல்லா முகவரிக்கும் லைசென்ஸ் வேண்டியதில்லை. சேல்ஸ், ஷிப்பிங், அக்கவுண்ட்ஸ் என்று இருப்பதெல்லாம் ஆள் இல்லை, வேலை. அவற்றை ஷேர்டு மெயில்பாக்ஸ் ஆக்கிவிட்டால் 50 ஜிபி வரை லைசென்ஸ் வேண்டாம். யார் பார்க்க வேண்டுமோ அவர்கள் தங்கள் சொந்த லாகினில் இருந்தே அதைத் திறப்பார்கள். அந்தப் பெட்டிக்கென்று பாஸ்வேர்டு கொடுக்கவே போவதில்லை. "பாஸ்வேர்டே இல்லாம எப்படிங்க?" என்று மேனேஜர் மூன்று தடவை கேட்டார். காசு மிச்சம் என்றதும் முதலாளிக்குப் புரிந்துவிட்டது. பணம் கையாளுகிறவர்களுக்கும் மெர்ச்சண்டைசர்களுக்கும் (பையரின் ஆர்டரைக் கவனிக்கிறவர்கள்) பிசினஸ் பிரீமியம், ஃபேக்டரி பக்கம் மெயில் மட்டும் பார்க்கிறவர்களுக்கு பேசிக். ஒரே கணக்கில் இரண்டையும் கலந்து வைக்கலாம்.

ஒரு விஷயத்தில் மட்டும் ஒத்துவரவில்லை. முதலாளி தன் மெயிலுக்கே அட்மின் அதிகாரம் வேண்டும் என்கிறார். தினமும் நூறு பேரிடம் இருந்து அட்டாச்மெண்ட் திறக்கிற கணக்கில் அந்த அதிகாரத்தை வைக்க மாட்டேன்.

ஜூன் 10, திங்கள்

டிஎன்எஸ் வேலை. இதுநாள் வரை எஸ்பிஎஃப் (நம் பெயரில் எந்த சர்வர்கள் மெயில் அனுப்பலாம் என்ற பட்டியல்) கூடக் கிடையாது. ஜெர்மனி பையருக்குப் போடும் மெயில் ஸ்பாமில் விழுகிறது என்று மெர்ச்சண்டைசர்கள் வாட்ஸப்பில் கூப்பிட்டு "மெயில் பாருங்க" என்று சொல்வது இங்கே வழக்கமாகவே ஆகிவிட்டது. 2024 பிப்ரவரியில் இருந்து ஜிமெயிலும் யாஹூவும் கெடுபிடி ஆக்கிவிட்டன. நாளுக்கு 5,000 மெயிலுக்கு மேல் அனுப்புகிறவர்களுக்கு எஸ்பிஎஃப், டிகிம் (மெயிலில் இடும் டிஜிட்டல் கையெழுத்து), டிமார்க் (இரண்டிலும் தேறாத மெயிலை என்ன செய்வது என்ற அறிவிப்பு) மூன்றும் கட்டாயம். நாம் அந்த அளவுக்கு அனுப்புவதில்லைதான். ஆனாலும் ஒன்றுமே இல்லாமல் வருகிற மெயிலை இனி யாரும் மதிக்கப்போவதில்லை.

எஸ்பிஎஃப்-ல் மைக்ரோசாஃப்ட்டையும் இஆர்பி (இன்வாய்ஸ் போடும் நிர்வாக மென்பொருள்) கம்பெனியின் சர்வரையும் சேர்த்தேன். பத்து லுக்கப்புக்கு (டிஎன்எஸ்-ல் தேடிப் பார்ப்பது) மேல் போகக்கூடாது என்ற விதி இருக்கிறது, ஆறில் நிற்கிறது. டிகிம்முக்கு இரண்டு சி-நேம் (வேறு பெயருக்குக் கைகாட்டும் டிஎன்எஸ் பதிவு). டிமார்க்கை இப்போதைக்கு 'நன்' (எதுவும் செய்ய வேண்டாம்) என்றே வைத்து, ரிப்போர்ட் மட்டும் வரட்டும். எடுத்தவுடன் 'ரிஜெக்ட்' போட்டால், நமக்கே தெரியாமல் எங்கிருந்தோ நம் பெயரில் போய்க்கொண்டிருக்கும் நல்ல மெயிலும் சேர்ந்து அடிபடும்.

எம்எக்ஸ் ரெக்கார்டின் (மெயில் எந்த சர்வருக்குப் போக வேண்டும் என்ற பதிவு) டிடிஎல், அதாவது மற்ற சர்வர்கள் அதை ஞாபகம் வைத்திருக்கும் நேரம், 14400 வினாடியில் இருந்தது. 300-க்கு இறக்கினேன். மாற்றம் நடக்கும் சனிக்கிழமைக்குள் பழைய மதிப்பு எல்லா இடத்திலும் மறந்துபோயிருக்கும்.

ஜூன் 12, புதன்

இன்றைக்கு நடந்ததை விவரமாகவே எழுதி வைக்க வேண்டும்.

மாற்றத்துக்கு முன்னால் சிபேனலில் என்னென்ன ஃபார்வர்டர் (வரும் மெயிலை வேறு முகவரிக்கும் அனுப்பும் அமைப்பு) இருக்கிறது என்று குறித்துக்கொள்வது வழக்கம். பட்டியலில் ஏழெட்டு இருந்தது. முதலாளி மெயில் மகனுக்கு, சேம்பிள் மெயில் மாஸ்டருக்கு என்று போனது. கடைசிக்கு முந்தின வரியில் அக்கவுண்ட்ஸ் முகவரிக்கு வரும் ஒவ்வொரு மெயிலின் நகலும் ஒரு ஜிமெயிலுக்குப் போய்க்கொண்டிருந்தது. பார்க்க கம்பெனி பெயர் மாதிரியேதான் இருந்தது. பெயரில் வரும் 'எம்' எழுத்துக்குப் பதிலாக 'ஆர்', 'என்' இரண்டையும் ஒட்டி வைத்திருந்தார்கள். அந்தத் திரையில், அந்த எழுத்தளவில், வித்தியாசமே தெரியாது. காப்பி பண்ணி நோட்பேடில் போட்டுப் பெரிதாக்கினபிறகுதான் தெரிந்தது.

உடனே அழிக்கவில்லை. முதலில் ஸ்க்ரீன்ஷாட், பதிவுகளின் நகல். பிறகுதான் நீக்கி, அத்தனை பாஸ்வேர்டையும் மாற்றினேன்.

இதன் வழிமுறை பழசு. உள்ளே நுழைந்தவன் எதையும் கெடுக்க மாட்டான். உட்கார்ந்து படிப்பான். எந்தப் பையர், எந்த இன்வாய்ஸ், எப்போது பணம் வரும், அக்கா எப்படி "கைண்ட்லி டூ தி நீட்ஃபுல்" என்று முடிப்பார் என்பது வரை. ஷிப்மெண்ட் ஏறி, பணம் வர வேண்டிய வாரத்தில், அதே மெயில் தொடரில் இருந்து ஒரு பதில் போகும்: ஆடிட் நடப்பதால் இந்த முறை வேறு பேங்க் கணக்குக்கு அனுப்பவும். அமெரிக்காவின் எஃப்பிஐ-க்கு 2023-ல் மட்டும் இந்த வகையில் 21,489 புகார்கள். இழப்பு ஏறக்குறைய 290 கோடி டாலர்.

அக்காவிடம் சொன்னேன். முகம் வெளுத்துவிட்டது. பையர்கள் ஒவ்வொருவரையும் போனில் கூப்பிடச் சொன்னேன். மெயிலின் அடியில் இருக்கும் நம்பருக்கு அல்ல, பழைய பி.ஓ.வில் (பர்ச்சேஸ் ஆர்டர்) அச்சாகியிருக்கும் நம்பருக்கு. மூன்றாவதாகக் கூப்பிட்ட பையர், "ஆமாம், பேங்க் மாற்றச் சொல்லி மெயில் வந்தது. பேங்க் லெட்டர் இல்லாமல் மாற்ற மாட்டோம் என்று எங்கள் ஃபைனான்ஸில் நிறுத்தி வைத்திருக்கிறார்கள்" என்றார். பணம் போகவில்லை. போயிருந்தால் முதல் போன் சைபர் மோசடி உதவி எண்ணான 1930-க்குத்தான் பண்ணியிருக்க வேண்டும், மணிக்கணக்கு அங்கே முக்கியம். போகாவிட்டாலும் சைபர் கிரைம் போர்ட்டலில் புகார் பதிந்தோம்.

யார் வைத்தது? ஹோஸ்டிங்காரரிடம் சில நாள் பதிவுதான் இருக்கிறது, இது அதற்கும் முந்தையது. இருந்திருந்தாலும் அதில் 'அக்கவுண்ட்ஸ்' என்றுதான் இருக்கும். ஒரே பாஸ்வேர்டை ஊரே வைத்திருந்தால் யாரைக் கேட்பது? மேனேஜர் ஒவ்வொருவராகக் கூப்பிட்டு விசாரிக்க ஆரம்பித்தார். வேண்டாமுங்க என்று தடுத்தேன். ஃபிஷிங் லிங்க்கில் யாரோ பாஸ்வேர்டு கொடுத்திருக்கலாம், அதற்காக அக்கவுண்ட்ஸில் இருக்கிற பெண்பிள்ளைகளைச் சந்தேகக் கண்ணோடு பார்ப்பதில் ஒரு புண்ணியமும் இல்லை.

சாயங்காலம் முதலாளியே கூப்பிட்டார். "அட்மின் எனக்கு வேண்டாம் தம்பி, நீங்க சொன்னபடியே தனியா வச்சிருங்க."

ஜூன் 15, சனி, இரவு

எம்எக்ஸ் மாற்றியாயிற்று. ஐரோப்பா லீவு, திங்கள் இங்கே பக்ரீத். இதைவிட நல்ல நேரம் கிடைக்காது. பத்தரைக்கு ஜிமெயிலில் இருந்து போட்ட டெஸ்ட் மெயில் புதுப் பெட்டிக்கு வந்தது.

வெப்சைட்டின் என்கொயரி ஃபார்மில் இருந்து போட்டது மட்டும் வரவில்லை. எதிர்பார்த்ததுதான். வெப்சைட் பழைய சர்வரிலேயே இருக்கிறது. அந்த சர்வர் எம்எக்ஸைக் கேட்காமலே "இந்த டொமைன் என்னுடையது" என்று மெயிலைத் தன் பெட்டியிலேயே போட்டுக்கொள்ளும். ஈமெயில் ரூட்டிங்கில் 'ரிமோட்' என்று மாற்றியதும் சரியாகிவிட்டது. பல கம்பெனிகளில் இதைக் கவனிக்காமல் மாதக்கணக்கில் என்கொயரிகள் பழைய பெட்டியில் மட்கிக் கிடக்கும்.

அக்காவின் 38 ஜிபி இன்னும் ஏறிக்கொண்டிருக்கிறது. ஏறட்டும்.

ஜூன் 18, செவ்வாய்

ஆதென்டிகேட்டர் (லாகினைப் போனில் உறுதிசெய்யும் ஆப்) நாள். வரிசையாக உட்கார வைத்து, ஆப்பைப் போட்டு, திரையில் வரும் இரண்டு இலக்க எண்ணைப் போனில் அடிக்க வைத்தேன். 2023 மே முதல் இந்த எண் அடிக்கும் முறையைக் கட்டாயமாக்கிவிட்டார்கள். அதற்கு முன் 'அப்ரூவ்' மட்டும்தான். தூக்கக் கலக்கத்தில் அதை அமுக்கிவிடுகிறவர்கள் நிறைய.

ஷிப்பிங் மேனேஜருக்கு அறுபது வயது. "என்ற சொந்தப் போனுல கம்பெனி ஆப்பு எதுக்குங்க? போட மாட்டேன்" என்றுவிட்டார். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. அவருக்கு யுஎஸ்பி செக்யூரிட்டி கீ ஒன்று வாங்கிப் பதிந்து கொடுத்தேன். குடோன் சாவிக் கொத்தில் கோத்து இடுப்பில் செருகிக்கொண்டார். மற்றவர்கள் எண் தேடிக்கொண்டிருக்கும்போது இவர் சொருகி, தொட்டு, உள்ளே போய்விடுகிறார். சீனியர் மெர்ச்சண்டைசர் தனக்கும் அதே வேண்டும் என்கிறார்.

ஜூன் 20, வியாழன்

பேக்கிங் செக்‌ஷன் ஜெராக்ஸ் மெஷின் பேக்கிங் லிஸ்ட்டை ஸ்கேன் பண்ணி மெயில் அனுப்புவதை நிறுத்திவிட்டது. பழைய மெஷின், புது லாகின் முறை அதற்குத் தெரியாது. ஆபீஸுக்கு ஸ்டாட்டிக் ஐபி (மாறாத இணைய எண்) இருப்பதால் கனெக்டர் (அந்த எண்ணில் இருந்து வரும் மெயிலை ஏற்கச் சொல்லும் அமைப்பு) போட்டு 25-ஆம் போர்ட் வழியாக விட்டேன். அந்த ஐபியை எஸ்பிஎஃப்-லும் சேர்த்தாயிற்று.

ஜூலை 4, வியாழன்

ஒரு மெர்ச்சண்டைசர் வேலையை விட்டார். பழைய முறையில் என்றால் அதே பாஸ்வேர்டோடு அடுத்த ஆள் அந்த நாற்காலியில் உட்கார்ந்துவிடுவார். இப்போது வரிசை வேறு: முதலில் சைன்-இன் தடை, திறந்திருக்கும் செஷன்களை வெட்டுவது, பெட்டியை ஷேர்டு மெயில்பாக்ஸாக மாற்றுவது, கடைசியில்தான் லைசென்ஸை எடுப்பது. மாற்றாமல் லைசென்ஸை எடுத்துவிட்டு அப்படியே விட்டால் 30 நாள் கழித்துப் பெட்டி காணாமல் போகும்.

"அந்தப் பொண்ணோட மெயிலு பூராவும் எனக்குத் தெரியற மாதிரி பண்ணிக் குடுங்க" என்றார் மேனேஜர். பையர் தொடர்புள்ள வேலையை எடுத்துக்கொள்ளும் ஆளுக்கு மட்டும் திறந்துவிடுகிறேன், வேறு யாருக்காவது வேண்டுமென்றால் முதலாளி எழுத்தில் கேட்கட்டும் என்றேன். யார் எந்தப் பெட்டியைத் திறந்தார் என்பது ஆடிட் லாக்கில் 180 நாள் நிற்கும் என்பதையும் சும்மா சொல்லி வைத்தேன். "அப்ப நானு பாக்கறதும் தெரியுங்களா?" தெரியுமுங்க. எழுத்தில் எதுவும் இதுவரை வரவில்லை.

ஜூலை 9, செவ்வாய்

அவசர அட்மின் கணக்கு தயார். யார் பெயரிலும் இல்லை, கம்பெனி டொமைனிலும் இல்லை, மைக்ரோசாஃப்ட்டே தரும் ஆன்மைக்ரோசாஃப்ட் (onmicrosoft.com) முகவரியில் இருக்கிறது. நீளமான பாஸ்வேர்டு, கவரில் போட்டு ஒட்டி, செக்யூரிட்டி கீயோடு முதலாளி பீரோவில். அதில் யார் லாகின் பண்ணினாலும் எனக்கும் அவருக்கும் தகவல் வரும்.

டிமார்க் ரிப்போர்ட்டுகளைப் பார்த்தேன். மைக்ரோசாஃப்ட்டில் இருந்து போவதெல்லாம் பாஸ். இஆர்பி-யில் இருந்து போகும் இன்வாய்ஸ் மெயில்களில் டிகிம் கையெழுத்து இல்லை, எஸ்பிஎஃப்-ம் அவர்கள் டொமைனுக்குத்தான் பொருந்துகிறது. இதைச் சரிசெய்யாமல் 'குவாரண்டைன்' போட்டால் பையருக்குப் போகும் இன்வாய்ஸே ஸ்பாமில் விழும். இஆர்பி சப்போர்ட்டுக்கு டிக்கெட் போட்டிருக்கிறேன். "டிகிம் என்றால் என்ன சார்?" என்று பதில் வந்திருக்கிறது. நாளைக்குக் காலையில் போனில் பேச வேண்டும்.