இதர வருமானம்

எவ்வளவு ஆச்சு தம்பி என்று அந்த அக்கா கேட்டார், 380 வெள்ளி, அதாவது சிங்கப்பூர் டாலர், என்று நான் சொன்னேன். நடந்தது இவ்வளவுதான். இதில் மண்டையைக் குடைந்துகொள்ள என்ன இருக்கிறது என்று வீட்டில் கேட்கிறார்கள், எங்கள் வரலாற்றுச் சங்கத்தின் செயலவையிலும் ஏறக்குறைய அதையேதான் கேட்டார்கள். பகல் நேரத்தில் எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது. பொருளாளராக இருந்த நான் கணக்கை அடுத்தவரிடம் ஒப்படைக்கிற நேரம் வந்துவிட்டதால் ஒவ்வொரு வரியாகச் சரிபார்த்துக்கொண்டு வருகிறேன். எல்லா வரிக்கும் ஒரு காகிதம் இருக்கிறது. இந்த வரிக்கும் இருக்கிறது. ஆனாலும் இங்கே வந்தால் நின்றுவிடுகிறேன்.

ஒப்படைப்பு என்றதும் ஏதோ ராஜினாமா என்று நினைக்க வேண்டாம். இங்கே பல சங்கங்களின் அமைப்பு விதியில் தலைவர் மறுபடியும் நிற்கலாம், செயலாளரும் நிற்கலாம், காசு பார்க்கிறவன் மட்டும் அடுத்த தவணைக்கு அதே நாற்காலியில் உட்கார முடியாது. நல்ல விதி. எனக்கு அதில் வருத்தம் எதுவும் இல்லை.

வரலாற்றுச் சங்கங்களின் காசு நிலவரம் இந்த வட்டாரத்தில் இருப்பவர்களுக்குத் தெரிந்ததுதான். சந்தா, அதிலும் பாக்கி. ஏப்ரலில் தமிழ்மொழி விழாவை ஒட்டி ஒரு நிகழ்ச்சி, அதற்குக் கொஞ்சம் ஆதரவுத் தொகை. புத்தகம் போட்டால் மானியம், அதுவும் செலவில் ஒரு பகுதிக்கு, ரசீதுகளை அடுக்கிக் காட்டிய பிறகு. கண்காட்சி வைக்கக் காசு கிடைக்கும், நூல் வெளியிடக் கிடைக்கும், ரிப்பன் வெட்டிப் படம் பிடிக்கக்கூடிய எதற்கும் எப்படியாவது கிடைத்துவிடும். அந்தக் கண்காட்சியில் வைத்த சாமான்களை மறுநாள் முதல் பூஞ்சை பிடிக்காமல், ராமபாணப் பூச்சி அரிக்காமல் வைத்துக் காப்பாற்ற ஓர் அறை வேண்டும், அந்த அறையில் ராத்திரி பகலாகக் குளிர்சாதனம் ஓட வேண்டும், அந்த வாடகைக்கு மட்டும் யாரும் கொடுத்து நான் பார்த்ததில்லை. யாராவது பெரிய மனது வைத்து நன்கொடை தர வந்தாலும் முதல் கேள்வி வரிவிலக்கு உண்டா என்பதுதான். ஐபிசி, அதாவது பொதுநல அமைப்பு என்ற அங்கீகாரத் தகுதி உள்ள அமைப்புக்குக் கொடுத்தால் கொடுத்ததைப் போல இரண்டரை மடங்கை வருமானத்தில் கழித்துக்கொள்ளலாம். எங்களுக்கு அந்தத் தகுதி இல்லை. அதைச் சொன்னதும் தேநீரைக் குடித்துவிட்டு, யோசித்துச் சொல்கிறேன் என்று எழுந்துவிடுவார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது, நானாக இருந்தாலும் யோசிப்பேன்.

இவ்வளவையும் எதற்குச் சொல்கிறேன்? 380 வெள்ளி எங்களுக்குச் சின்னத் தொகை இல்லை என்று காட்டத்தான். எனக்கு நானே வக்கீல் வைத்துக்கொள்கிறேன் என்றும் சொல்லலாம்.

அக்கா எடுத்துப்போக வந்தது ஒரு தகரப் பெட்டி. நான் பொறுப்புக்கு வருவதற்கு முன்பே சங்கத்துக்கு வந்துவிட்ட பெட்டி. அவருடைய அப்பா பிரிட்டிஷ் கடற்படைத் தளமான நேவல் பேஸில் வேலை பார்த்தவர். அங்கே இருந்த தமிழர்கள் தங்களுக்குள் நடத்திய மரண சகாய நிதிக்குக் காசாளர். அவர் காலமான பிறகு பெட்டியைப் பழைய செயலாளரிடம் கொடுத்திருக்கிறார்கள், அவரும் வாங்கி வைத்திருக்கிறார். படிவம் கிடையாது, கையெழுத்து கிடையாது. கொடுத்தது நன்கொடையாகவா, பார்த்துக்கொள்ளச் சொல்லியா என்று யாருக்கும் தெரியாது. ஒருவேளை கொடுத்தவர்களுக்கே அந்த வித்தியாசம் தோன்றாமல் இருந்திருக்கலாம்.

உள்ளே இரண்டு கணக்கு நோட்டு, ரசீதுப் புத்தகங்களின் அடிக்கட்டைகள், கொஞ்சம் புகைப்படம். என்னைக் கேட்டால் எங்கள் அறையில் இருந்தவற்றிலேயே விலைமதிக்க முடியாதவை அந்த இரண்டு நோட்டுகள்தான். எந்தக் கூட்டத்தில் யார் பேசினார்கள், யார் மாலை போட்டார்கள் என்று தெரிய வேண்டுமானால் தமிழ் முரசின் பழைய இதழ்கள் இருக்கின்றன, 1935-இல் தொடங்கிய பத்திரிகை, தேசிய நூலகம் மின்னாக்கம் செய்து வைத்திருக்கிறது. ஆனால் ஒரு கூலித் தொழிலாளியின் சாவுக்கு என்ன செலவானது, அதில் சவப்பெட்டிக்கு எவ்வளவு, பந்தலுக்கு எவ்வளவு, மிச்சம் குடும்பத்தின் கையில் எவ்வளவு என்பது அங்கே இருக்காது. இந்த நோட்டில் இருந்தது. ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் ஒரு பிள்ளையார் சுழி, இடது பக்கம் வரவு, வலது பக்கம் பற்று, அடியில் இரட்டைக் கோடு போட்டு மீதி. முதல் பக்கம் 1946. ஆரம்ப இருப்பு என்ற இடத்தில் வெறும் கோடு. அதற்கு முன்னால் சேர்த்திருந்தால் அது ஜப்பானியர் ஆட்சிக் காலத்துப் பணமாக இருந்திருக்கும், 1945 செப்டம்பரில் பிரிட்டிஷ்காரர்கள் திரும்பி வந்ததும் அது வெறும் காகிதமாகிவிட்டது. கடைசிப் பக்கம், தளத்தை மூடப்போகிறோம் என்று 1968-இல் அறிவித்த பிறகு எழுதியது. இருந்த மீதியை உறுப்பினர்களுக்குப் பங்கு பிரித்து ஒவ்வொருவரிடமும் கையெழுத்து வாங்கியிருக்கிறார், எழுதத் தெரியாதவர்களிடம் ஊதா மையில் கைநாட்டு. அப்படி வாங்கிக்கொண்டு எத்தனை பேர் கப்பல் ஏறினார்களோ.

அந்த நோட்டைப் பிரித்துத் துருப்பிடித்த பின்களைக் கழற்றி, அமிலம் இல்லாத தாள் வைத்து, அதற்கென்று விற்கிற பெட்டியில் போட்டு, பக்கம் பக்கமாக ஸ்கேன் எடுத்தோம். பின் கழற்றியது தொண்டூழியர்கள், அதற்குக் காசு இல்லை. பெட்டிக்கும் தாளுக்கும் 120, ஸ்கேனுக்கு 260. வவுச்சரில் கையெழுத்துப் போட்டது நான் என்பதால் தொகை வாயிலேயே இருந்தது.

அக்கா மகனோடு வந்திருந்தார். ஏன் திரும்பக் கேட்கிறார் என்று நான் கேட்கவில்லை, அவராகவே சொன்னார், “அப்பா கையெழுத்து வீட்டுல வேற எதுலயுமே இல்ல தம்பி. பேரப்பிள்ளைங்களுக்குக் காட்டணும்.” சரி அக்கா, உங்க சாமான்தானே என்றேன். மனதுக்குள் வயிறு எரிந்தது உண்மைதான், வீவக, அதாவது அரசாங்க அடுக்குமாடி, வீட்டின் அலமாரியில் அந்த நோட்டு என்ன பாடுபடும் என்று எனக்குத் தெரியும். எப்படி வைக்க வேண்டும், ஈரம் படாமல் எங்கே வைக்க வேண்டும் என்று விளக்கிச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். அப்புறம்தான் அது வந்தது.

“இத்தன நாளு வச்சுப் பாத்துக்கிட்டீங்க. உங்களுக்கும் செலவு ஆகியிருக்குமே.”

“ஆச்சுக்கா.”

“எவ்வளவு ஆச்சு தம்பி?”

“பெட்டி, தாள், ஸ்கேன் எல்லாம் சேத்து 380 வெள்ளி.”

அவர் ஒன்றும் சொல்லவில்லை. மகன்தான் தொலைபேசியை எடுத்தார். பேநவ் இருக்கா என்று கேட்டார், மேசையில் ஒட்டியிருந்த கியூஆரைக் காட்டினேன். காசு வந்து சேர்ந்ததும் ரசீது எழுதினேன். எங்களிடம் இருப்பது நன்கொடை ரசீதுப் புத்தகம் ஒன்றுதான், அதனால் அதில்தான் எழுதினேன். அக்கா அதை வாங்கிப் படித்தார். “நன்கொடையா? சரி,” என்றார். மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டார். ஸ்கேன் எடுத்ததை நாங்கள் வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டேன், தாராளமா வச்சுக்குங்க தம்பி, நாலு பேர் பார்க்கட்டும் என்றார்.

நம் ஆட்களிடம் எவ்வளவு ஆச்சு என்று கேட்டால், அதெல்லாம் ஒண்ணும் இல்லக்கா, இருக்கட்டும் என்பதுதான் பதில். கேட்பது மரியாதைக்கு, மறுப்பதும் மரியாதைக்கு. இது தெரியாதவன் இல்லை நான், எத்தனை வீட்டில் எத்தனை தடவை இதே மாதிரி மறுத்திருக்கிறேன். அன்றைக்கு ஏன் வாயில் வரவில்லை என்று யோசித்தால் ஒரு நாள் ஒரு காரணம் சரியாகப் படுகிறது. அது என் காசு இல்லை, உறுப்பினர்களின் சந்தா, வேண்டாம் என்று பெருந்தன்மையாகச் சொல்ல எனக்கு என்ன உரிமை என்பது ஒன்று. இது நல்ல காரணம், இன்றைக்கும் இதை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். நோட்டு கையைவிட்டுப் போகிற எரிச்சலில் சொல்லிவிட்டேன் என்பது இன்னொன்று. இதை நான் யாரிடமும் சொன்னதில்லை, உண்மையா என்றும் தெரியவில்லை. அவர் நிஜமாகவே கேட்டிருக்கலாம் என்ற மூன்றாவது ஒன்றும் இருக்கிறது. காசாளரின் மகள், செலவு என்று ஒன்று இருந்தால் அது யார் தலையிலாவது விழும் என்று தெரிந்து வளர்ந்தவர். கேட்டவரிடம் ஒண்ணுமில்லை என்று சொல்வது ஒருவகையில் அவரைச் சின்னப்பிள்ளையாக நடத்துவது இல்லையா? இப்படிச் சொல்லிப் பார்க்கும்போது எனக்குத் தெம்பாக இருக்கிறது. அப்புறம் அந்த “சரி” ஞாபகம் வருகிறது.

தணிக்கையில்தான் இது வேறு மாதிரி திரும்பியது. ஆண்டு வரவோ செலவோ 5 லட்சம் வெள்ளியைத் தாண்டினால்தான் வெளியிலிருந்து கணக்காளர் நிறுவனம் வேண்டும், எங்களுக்கெல்லாம் செயலவையில் இல்லாத உறுப்பினர்கள் இருவர் பார்த்தால் போதும். அந்த இருவரில் ஒருவர் ஓய்வுபெற்ற ஆசிரியர். இதர வருமானம் என்று நான் போட்டிருந்த இடத்தில் பேனாவை வைத்து, ரசீதுல நன்கொடைன்னு இருக்கே என்றார். விளக்கினேன். தலையாட்டிக்கொண்டே கேட்டவர், “ஸ்கேன் இப்ப யாருகிட்ட இருக்கு?” என்றார். நம்மகிட்டதான் என்றேன். “அப்ப அதுக்கு அவங்க ஏன் காசு குடுத்தாங்க?”

இந்தக் கோணம் எனக்கு அதுவரை தோன்றவே இல்லை. பெட்டியும் தாளும் அவரோடு போயின, 120 சரி. 260-க்கு வாங்கிய சரக்கு எங்கள் ஹார்ட் டிஸ்கில் இருக்கிறது. அடுத்த கண்காட்சியில் பெரிதாக்கி மாட்டப்போவதும் நாங்கள்தான்.

திருப்பிக் கொடுத்துவிடலாமே என்று ஆசிரியர் சொன்னார். தலைவர் ஒத்துக்கொள்ளவில்லை. அவங்க கேட்டாங்க, நீ சொன்ன, குடுத்தாங்க, இதுல கிளற என்ன இருக்கு என்றார். நான் தலைவர் பக்கம்தான் பேசினேன். இப்போது போன் செய்து, அக்கா உங்களிடம் 260 கூடுதலாக வாங்கிவிட்டோம் என்று சொன்னால், அதுவரை அவர் மனதில் இல்லாத ஒன்றை நானே கொண்டுபோய் வைத்த மாதிரி ஆகாதா? அதுவும் ஒரு நியாயம். வசதியான நியாயம் என்று ஆசிரியரின் முகம் சொன்னது, வாயால் சொல்லவில்லை. வரியை நன்கொடை என்று மாற்றிவிட்டு இருவரும் கையெழுத்துப் போட்டார்கள். சங்கப் பதிவகத்துக்கு அனுப்புகிற ஆண்டறிக்கையில் இதெல்லாம் ஒரு மொத்தத் தொகைக்குள் கரைந்துவிடும்.

பிறகு ஒரு நாள் அந்த ஸ்கேன்களைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தேன். கண்காட்சிக்குப் பக்கம் தேர்ந்தெடுக்கத்தான், வேறு எதற்கும் இல்லை. மாதச் சந்தா 50 காசு, உறுப்பினர் தவறினால் குடும்பத்துக்கு 50 வெள்ளி என்பது அந்த நிதியின் கணக்கு. ஒரு பக்கத்தில், காலமான ஒருவருடைய பெயருக்கு நேரே, சந்தா பாக்கி மூன்று மாதம் 1.50 போக 48.50 கொடுத்தது என்று எழுதியிருக்கிறது. கீழே மனைவியின் கைநாட்டு. அதே திருத்தமான கையெழுத்து, அடியில் அதே இரட்டைக் கோடு.

முதலில் எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. பாருங்கள், அக்காவின் அப்பாவே சாவு வீட்டில் ஒன்றரை வெள்ளியை விடவில்லை, எண்ணிக் கழித்துவிட்டுத்தான் கொடுத்திருக்கிறார், அது மற்றவர்களின் காசு என்பதால். ஆசிரியருக்கு அந்தப் பக்கத்தை அனுப்பலாமா என்றுகூட நினைத்தேன். அப்புறம் கைநாட்டு வைத்த அந்தப் பெண்மணியை நினைத்துக்கொண்டேன். கழித்தது அவருக்குத் தெரிந்திருக்குமா, தெரிந்தால் என்ன சொல்லியிருப்பார், அவரும் சரி என்றுதான் சொல்லியிருப்பாரா. அனுப்பவில்லை. அதே நோட்டில் வேறு பக்கங்களில் பாக்கி இருந்தும் முழுத் தொகை கொடுத்த இடங்கள் உண்டா என்று தேடிப் பார்க்கலாம், அடிக்கட்டைகளோடு ஒப்பிட்டால் தெரிந்துவிடும். இன்னும் செய்யவில்லை. எந்தப் பதில் வந்தால் எனக்கு நல்லது என்று தெரியவில்லை.

புதிதாக வருகிற பொருளாளர் சின்னப் பெண், வங்கியில் வேலை, என்னைவிடக் கறார். ஒப்படைப்பின்போது அவள் கேட்ட முதல் கேள்வி, இனிமே யாராவது சாமான திருப்பிக் கேட்டா என்ன அங்கிள் நடைமுறை என்பதுதான். நடைமுறை ஒன்றும் இல்லை என்றேன். அவளே ஒரு படிவம் தயார் செய்துவிட்டாள். கொடுப்பது நன்கொடையா இரவலா என்று ஆரம்பத்திலேயே குறிக்க வேண்டும், இரவல் என்றால் திரும்ப எடுக்கும்போது பராமரிப்புச் செலவைக் கொடுத்தவர்கள் ஏற்க வேண்டும், ஸ்கேன் செலவு மட்டும் சங்கத்தைச் சேர்ந்தது. எல்லாம் தெளிவாக இருக்கிறது. இப்படி ஒரு தாளை முன்னால் வைத்தால் அந்த மாதிரிக் குடும்பங்கள் பெட்டியைக் கொண்டுவருவார்களா என்று கேட்டேன். கொண்டு வராட்டி நமக்கு வாடகை மிச்சம்தானே அங்கிள் என்று சிரித்தாள். விளையாட்டாகத்தான் சொன்னாள். அடுத்த கூட்டத்தில் அது வாக்கெடுப்புக்கு வருகிறது, நான் ஆதரித்துத்தான் கை தூக்கப்போகிறேன்.