வேலையை விடும் முன் அந்த வேலையிடம் வாங்கிக்கொண்டவை

ராஜினாமாக் கடிதத்தை நீட்டிய அன்று, ஜெர்மனி விசா என் பாஸ்போர்ட்டில் ஏறியிருந்தது. இந்த வரிசை தற்செயலாக அமைந்ததல்ல. ‘முதலில் வேலையை விடு, அப்போதுதான் வேகம் வரும்’ என்றவர்கள் பலர். நான் கேட்கவில்லை. கார் உதிரிபாகத் தொழிற்சாலையின் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் பத்தாண்டுகளுக்கு மேல் இருந்தவள் நான். ஆவணம் சரியாகும்வரை எந்தச் சரக்கையும் வாசலைத் தாண்ட விட்டதில்லை. என்னையே அனுப்பும்போது மட்டும் அந்தப் பழக்கத்தைக் கைவிடுவேனா?

நான் போனது ‘ஷான்சன்கார்டே’ என்னும் வாய்ப்பு அட்டையில். ஜெர்மனி 2024 ஜூன் 1 முதல் நடைமுறைப்படுத்திய திட்டம் இது. வேலை கிடைத்த பிறகு போவதற்கான விசா அல்ல; அங்கே போய் வேலை தேடுவதற்கு அதிகபட்சம் ஓராண்டு தரப்படும் அனுமதி. இதை வீட்டில் விளக்கிய மாலை இன்னும் நினைவிருக்கிறது.

‘அங்கே வேலை கிடைத்துவிட்டதா?’

‘இல்லை அம்மா, தேடத்தான் அனுமதி.’

‘இருக்கிற வேலையை விட்டுவிட்டு, வேலை தேடப் போகிறாயா?’

இதற்கு இன்றுவரை என்னிடம் நல்ல பதில் கிடையாது.

இந்த அட்டைக்கு, பட்டம் ஜெர்மன் பட்டத்துக்கு நிகரானது என்று முழு அங்கீகாரம் இருந்தால் மதிப்பெண் கணக்கே தேவையில்லை; இல்லாவிட்டால் வயது, மொழி, அனுபவம் போன்றவற்றுக்கு மதிப்பெண் சேர்த்துக் காட்ட வேண்டும். வெளிநாட்டுப் பட்டங்களை ஜெர்மனி மதிப்பிட்டு வைத்திருக்கும் ‘அனாபின்’ தரவுத்தளத்தில் என் பல்கலைக்கழகம் ‘எச் பிளஸ்’, அதாவது அங்கீகாரம் பெற்றது என்று இருந்தது. ஆனால் நான் படித்த பிரிவின் பெயர் அதே வடிவில் இல்லை. வெளிநாட்டுக் கல்வியை மதிப்பிடும் இசட்ஏபி என்ற மத்திய அமைப்பிடம் 208 யூரோ கட்டி ஒப்பீட்டுச் சான்றிதழுக்கு விண்ணப்பித்துவிட்டு, அது வரும்வரை காத்திராமல் மதிப்பெண் வழியில் இறங்கினேன். குறைந்தது 6 மதிப்பெண் வேண்டும். வயது 36 என்பதால் 1 (35 வயதுக்குள் இருந்தால் 2). ஆள் பற்றாக்குறையுள்ள தொழில்களில் பொறியாளர் பணி வருவதால் 1. ஜெர்மன் மொழியில் ஏ2 என்னும் அடிப்படை நிலைக்கு 1. கடந்த 7 ஆண்டுகளில் 5 ஆண்டு அனுபவத்துக்கு 3. ஆகப் பாதி மதிப்பெண்ணைத் தந்தது நான் விடப்போகும் வேலைதான். விளிம்பில் நிற்க வேண்டாமே என்று ஐஈஎல்டிஎஸ் எழுதி, சி1 என்னும் உயர்நிலை ஆங்கிலத்துக்கான 1 மதிப்பெண்ணையும் சேர்த்துக்கொண்டேன்.

அந்த 3 மதிப்பெண்ணுக்கு அனுபவச் சான்றிதழ் வேண்டும். எங்கள் மனிதவளப் பிரிவு தந்தது நான்கு வரி: இந்தத் தேதியிலிருந்து பணியில் இருக்கிறார், பதவி இது, நன்னடத்தை உடையவர். அதை வைத்துக்கொண்டு நான் பொறியாளரா, கணக்கெழுதுபவரா என்று ஒருவராலும் சொல்ல முடியாது. அனுபவம் படிப்போடு தொடர்புடையது என்று காட்டியாக வேண்டும். ‘மேடம், எல்லோருக்கும் இதே ஃபார்மட்தான்’ என்று கைவிரித்துவிட்டார்கள். கடைசியில் என் துறைத் தலைவரிடம் உண்மையைச் சொன்னேன். அவர் சற்று நேரம் பேனா மூடியைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தார். பிறகு, ‘நீயே எழுதிக் கொண்டு வாம்மா. பொய் இல்லையென்றால் கையெழுத்துப் போடுகிறேன்’ என்றார்.

இரண்டு பக்கம் எழுதினேன். கார்த் துறையின் தர நெறியான ஐஏடிஎஃப் 16949-க்கான தணிக்கைகள், புதிய பாகங்களுக்கு ஒப்புதல் வாங்கும் பிபிஏபி ஆவணங்கள், வாடிக்கையாளர் புகார்களுக்கு மூல காரணம் தேடி எட்டுப் படிகளில் எழுதிய 8டி ரிப்போர்ட்டுகள், ஜெர்மன் வாடிக்கையாளருக்காக நடந்த விடிஏ 6.3 செயல்முறைத் தணிக்கை. அவர் இரண்டு வரிகளை அடித்தார், ஒன்றைச் சேர்த்தார், முத்திரை குத்தினார். பின்னால் ஜெர்மனியில் தெரிந்தது: அங்கே வேலையை விடும் ஒவ்வொருவருக்கும் செய்த பணிகளை விவரிக்கும் சான்றிதழைக் கேட்டு வாங்கச் சட்டப்படி உரிமை உண்டு. விண்ணப்பத்தோடு அதைத்தான் முதலில் தேடுகிறார்கள்.

அடுத்தது பணம். 2025 கணக்குப்படி மாதம் 1,091 யூரோ, ஓராண்டுக்கு 13,092 யூரோவை, மாதாமாதம் ஒரு பங்கு மட்டுமே எடுக்கக்கூடிய முடக்கக் கணக்கில் போட்டுக் காட்ட வேண்டியிருந்தது. மாணவர்களுக்கான 992 யூரோவை நினைத்துக்கொண்டு வருகிறவர்கள் இங்கேதான் திகைக்கிறார்கள். அப்போது ரூபாயில் ஏறக்குறைய 12 லட்சம். இந்தியாவிலிருந்து இப்படி அனுப்பும் தொகை ஒரு நிதியாண்டில் வரம்பைத் தாண்டினால், தாண்டிய பகுதிக்கு 20 சதவீதம் டிசிஎஸ் என்னும் முன்வரியை வங்கியிலேயே பிடிப்பார்கள். 2025 ஏப்ரல் முதல் அந்த வரம்பு 10 லட்சம், அதற்கு முன் 7 லட்சம். வருமான வரிக் கணக்கில் அது திரும்பக் கிடைக்கும்தான், ஆனால் புறப்படும் நேரத்தில் கையில் இருக்காதே. பாதியை மார்ச்சிலும் மீதியை ஏப்ரலிலும் அனுப்பினேன். டிசிஎஸ் பிடிக்கவே இல்லை.

விசா தொடங்கும் தேதியைத் தள்ளிக் கேட்டிருந்ததால் மூன்று மாத நோட்டீஸ் காலம் அதற்குள் அடங்கியது. பணிக்கொடையை மறக்க வேண்டாம்: ஐந்தாண்டு முடித்திருந்தால், ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் சம்பளம் உங்கள் உரிமை; நிறுவனம் மனமிரங்கித் தருவதல்ல. வெளிநாட்டில் குடியேறினால் சேமிப்புக் கணக்கை, வெளிநாடுவாழ் இந்தியருக்கான என்ஆர்ஓ கணக்காக மாற்ற வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, பழைய சிம் கார்டு உயிரோடு இருக்கட்டும். வங்கி, வருமான வரி, வைப்பு நிதி எல்லாம் ஓடிபி என்னும் ஒற்றைக் கயிற்றில் தொங்குகின்றன.

ஜெர்மனியில் முதல் முட்டுக்கட்டை வீடு. குடியேறிய இரண்டு வாரத்துக்குள் நகராட்சியில் முகவரியைப் பதிய வேண்டும். அதற்கு வீட்டுக்காரர் கையெழுத்திட்ட படிவம் வேண்டும். பதிந்த பிறகுதான் வரி எண் தபாலில் வரும். குறுகிய கால வாடகை அறைகளின் விளம்பரங்களில் பாதிக்கு ‘பதிவு செய்ய இயலாது’ என்ற வால் இருக்கும். விலை குறைந்த அறைகளையெல்லாம் விட்டுவிட்டு, பதிவு தருகிற ஒரு மாடி அறையைக் கூடுதல் வாடகைக்குப் பிடித்தேன். அதில் எனக்கு வருத்தமே இல்லை.

இந்த அட்டையில் வாரம் 20 மணி நேரம் வரை எந்த வேலையும் செய்யலாம். ஒரு கிடங்கில் அட்டைப்பெட்டிகளுக்கு ஸ்டிக்கர் ஒட்டினேன், 2025-இன் குறைந்தபட்ச ஊதியமான மணிக்கு 12.82 யூரோவுக்கு. ஊரில் என் கையெழுத்து இல்லாமல் லாரி கிளம்பாது. இங்கே ஸ்டிக்கர் கோணலாக இருக்கிறது என்று இருபது வயதுப் பையன் திருத்தினான். கோணலாகத்தான் இருந்தது.

கார்த் துறையில் காலம் சரியில்லை. 2030-க்குள் 35,000-க்கும் மேற்பட்ட பணியிடங்களைக் குறைக்க ஃபோக்ஸ்வாகன் 2024 டிசம்பரில் தொழிற்சங்கத்தோடு உடன்பாடு கண்டிருந்தது. உதிரிபாக நிறுவனங்களும் ஆட்குறைப்பில் இருந்தன. விண்ணப்பங்களுக்கு மரியாதையான மறுப்புகள் வந்தபடி இருந்தன. அதனால் அறுவைக் கருவிகளுக்குப் பேர்போன டுட்லிங்கன் நகரின் பக்கம் திரும்பினேன். மருத்துவக் கருவித் துறையின் தர நெறி ஐஎஸ்ஓ 13485. நெறியின் எண்தான் வேறு. பழுதைத் தேடும் புத்தி ஒன்றுதான்.

அங்கே ஒரு சிறிய நிறுவனத்தின் தரப் பொறுப்பாளர் என் சான்றிதழில் விரலை ஓட்டிக்கொண்டே வந்து 8டி என்ற இடத்தில் நிறுத்தினார். கடைசியாக எழுதியதில் மூல காரணம் என்ன என்று கேட்டார். ரப்பர் சீல் கசிந்த கதையைச் சொன்னேன்: திங்கட்கிழமை முதல் ஷிப்டில் அச்சு முழுதாகச் சூடேறும் முன்பே ஓட்டிய துண்டுகள், மற்ற நாட்களில் ஒன்றிலும் பழுதில்லை. தட்டுத்தடுமாறி ஜெர்மனில் தொடங்கி, ஆங்கிலத்தில் முடித்தேன். ‘திங்கட்கிழமைகள் இங்கேயும் அப்படித்தான்’ என்று சிரித்தார். இரண்டு வாரம் வரை சோதனை வேலைக்கு இந்த அட்டை இடம் தருகிறது என்பது அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. நான் எடுத்துச் சொன்னேன், ஒரு வாரம் வரச் சொன்னார், அதன் பிறகு ஒப்பந்தம் வந்தது.

வேலை கிடைத்த பட்டதாரிகள் தங்கிப் பணிபுரிவதற்கான அனுமதி புளூ கார்டு. பற்றாக்குறைத் தொழில்களில் அதற்கு 2025-இன் சம்பள வரம்பு ஆண்டுக்கு 43,759.80 யூரோ. என் சம்பளம் அதைத் தாண்டியது. இசட்ஏபி சான்றிதழும் அதற்குள் வந்துவிட்டதால் விண்ணப்பம் சிக்கலின்றிப் போனது.

அம்மாவிடம் போனில் சொன்னேன். ‘நிரந்தர வேலைதானே?’ என்று கேட்டார். ஆறு மாதம் தகுதிகாண் காலம், அதன் பிறகு நிரந்தரம் என்றேன். ‘அப்படியானால் சொந்தக்காரர்களுக்கு ஆறு மாதம் கழித்தே சொல்கிறேன்’ என்றார்.